860 வெள்ளிக்கு ரீஃப் தொட்டியைக் காலி செய்த 'சயனோ ஸ்பெஷலிஸ்ட்': எச்சரிக்கை

சிங்கப்பூரில் ரீஃப் தொட்டி (பவளம் வளர்க்கும் கடல்நீர் மீன்தொட்டி) வைத்திருக்கும் எல்லாரும் இதைப் படித்துவிடுங்கள். மணல்மேல் சயனோ என்கிற சிவப்பு வழவழப்பு படர்ந்து, என்ன செய்தும் போகாமல், "சயனோ உத்தரவாதத்துடன் நீக்கித் தரப்படும்" என்ற விளம்பரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் முக்கியமாகப் படியுங்கள். நான் 860 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கொடுத்தேன். மீன் போச்சு, பவளத்தில் பாதி போச்சு, காசும் போச்சு. ஆத்திரம் ஆறிப்போனால் எழுத மாட்டேன் என்று தெரியும், அதனால் இப்போதே எழுதுகிறேன். ஆளின் பெயரையும் ஆப்பின் பெயரையும் போடவில்லை. பழைய சோபாவிலிருந்து பூனைக் கூண்டு வரை கைமாறுகிற ஒரு ஆப், அதில் "கடல்நீர்த் தொட்டி பராமரிப்பு" என்று விளம்பரம் போட்டு வீட்டுக்கு வரும் ஒருவர். இவ்வளவு போதும். சயனோவை எப்படிச் சமாளிப்பது என்று கடைசியில் விளக்கமாகவே சொல்கிறேன்.

என்னுடையது மூன்றடித் தொட்டி, வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டு ஹாலில் இருக்கிறது. மீனில் ஒரு ஜோடி க்ளவுன், ஒரு மஞ்சள் டாங், ஒரு கோபி, பவளத்தில் ஹேமர், டார்ச், கொஞ்சம் ஸோவா. தண்ணீரை ஓடவைக்கும் இரண்டு வேவ்மேக்கரில் ஒன்று மக்கர் செய்து வேகம் குறைந்தது. அந்தப் பக்கத்து மூலையில்தான் முதலில் வந்தது. மெரூன் நிறத்தில் ஒரு படலம். காலையில் பார்த்தால் போய்விட்ட மாதிரி மெலிந்திருக்கும், விளக்கு எரிய எரியத் தடித்து, சாயங்காலத்துக்குள் மேலெல்லாம் குமிழ் கட்டி நிற்கும். ட்யூப் வைத்து உறிஞ்சினால் பாலாடை போல ஏடாக உரிந்து வரும். மறுபடி அதே இடத்தில் அதே மூலை, அதே சிவப்பு.

தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. பாசி, பாசி என்கிறோமே தவிர சயனோ பாசி கிடையாது, ஒளிச்சேர்க்கை செய்யும் பாக்டீரியா. இந்தப் பூமியின் காற்றில் ஆக்ஸிஜனைச் சேர்த்ததே அந்த வம்சம்தான். அதில் சில வகைகள் தண்ணீரில் கரைந்திருக்கும் நைட்ரஜனையே உணவாக்கிக்கொள்ளும். பாசிக்கு உணவான நைட்ரேட்டைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தால் பட்டினியில் சாகும் என்று நினைத்தால், போட்டிக்கு இருந்த மற்ற பாசிகள் செத்துப்போய் இதற்கு இன்னும் வசதியாகிவிடும். எனக்கு அதுதான் நடந்துகொண்டிருந்தது: நைட்ரேட் அளக்கும் கிட் நிறமே காட்டவில்லை, பாஸ்பேட் மட்டும் 0.15க்குக் கீழே இறங்க மறுத்தது. அந்த நேரத்தில்தான் விளம்பரம் கண்ணில் பட்டது.

வந்த ஆள் தமிழர். இந்தப் பொழுதுபோக்கில் நம் ஆட்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள் சொல்லுங்கள்? "அண்ணே"தான் வாயைத் திறந்ததும் முதல் வார்த்தை. காலணியை வெளியே கழற்றி ஓரமாக வைத்தார். அம்மா காபி கலக்கப் போனபோது, "வேணாம்மா, கை உப்பாயிடும், முடிச்சிட்டுக் குடிக்கிறேன்" என்றார். சமையலறையில் போய் முழங்கை வரை கழுவினார், பக்கத்தில் இருந்த சோப்பைத் தொடவே இல்லை, வெறும் தண்ணீர்தான். எனக்கு அந்த நிமிஷமே நம்பிக்கை வந்துவிட்டது. சோப்போ லோஷனோ பட்ட கையைத் தொட்டிக்குள் விடக்கூடாது என்று தெரிந்தவன் தொட்டி வைத்து அடிபட்டவனாகத்தான் இருக்க முடியும். டார்ச் லைட் அடித்து, லைவ் ராக் என்கிற பாறைக்குப் பின்னால் பார்த்தார். "இங்க ஓட்டமே இல்லண்ணே, கழிவு எல்லாம் இங்கதான் தேங்குது" என்றார். சரி. "மீனுக்குப் போடுற ஃப்ரோஸன் தீனியை அலசிட்டுப் போடுங்க, அந்தச் சாறுல பாஸ்பேட் இருக்கு." அதுவும் சரி. வயிறு எரிவதே இதனால்தான், அதுவரை அவர் வாயிலிருந்து வந்த ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. விஷயம் தெரிந்த ஆள்தான், தெரிந்தேதான் செய்திருக்கிறார்.

"பயப்படாதீங்கண்ணே, நான் பாக்காத சயனோவா? ஒரு வாரம் குடுங்க, மணல் வெள்ளையா இருக்கும்." பேக்கேஜ் 860 வெள்ளி. அதில் மருந்து, மூன்று முறை வருகை, ஒவ்வொரு முறையும் அவரே கொண்டுவரும் ஆர்ஓடிஐ (எல்லாம் வடிகட்டிய சுத்தமான) தண்ணீரில் உப்பு கலந்து வாட்டர் சேஞ்ச், கடைசியில் ஒரு நல்ல பாக்டீரியா பாட்டில். "ஆப்ல போட்டா அவன் கமிஷன் பிடிப்பான்ணே, 950 ஆயிடும். பேநவ் பண்ணிடுங்க, உங்களுக்கு 860." கைபேசி எண்ணுக்கே வங்கிப் பணம் அனுப்பும் பேநவ்வில், நின்ற இடத்திலேயே அனுப்பினேன். அவர் கைபேசி டிங் என்றது. சிரித்தார். அதற்குப் பிறகு காபி குடித்தார்.

மருந்து என்று எடுத்தது ஒரு சின்ன ஜிப் பை. மேலே லேபிள் இல்லை, பெயர் இல்லை, அளவு இல்லை. உள்ளே வெள்ளைத் தூள். என்ன இது என்று கேட்டேன். "இயற்கை என்சைம்ணே, நம்ம சொந்த ஃபார்முலா." தொட்டி எத்தனை லிட்டர், சம்ப் (கீழே இருக்கும் வடிகட்டித் தொட்டி) எத்தனை லிட்டர் என்று கேட்கவில்லை. கண்ணாலேயே அளந்து, குவளைத் தண்ணீரில் கலக்கி ஊற்றினார். கழிவை நுரையாக வெளியேற்றும் ஸ்கிம்மரைப் பற்றியும் காற்றைப் பற்றியும் ஒரு பேச்சுகூட இல்லை. போய்விட்டார்.

ராத்திரி பாத்ரூம் போக எழுந்தால் ஹால் தரையில் கால் வழுக்கியது. ஸ்கிம்மர் நுரை தள்ளி, கப் நிரம்பி, கேபினட் கதவுக்கு வெளியே வரை உப்புத் தண்ணீர். அவருக்குச் செய்தி அனுப்பினேன். "ஸ்கிம்மர ஆஃப் பண்ணுங்க" என்று ஒரே வரி வந்தது. ஆஃப் செய்தேன். ஆஃப் செய்தால் காற்றுக் குமிழ் விடும் ஏர் ஸ்டோன் போட்டே ஆக வேண்டும் என்பதை அந்த ஒரு வரியில் சேர்க்க அவருக்கு மனம் வரவில்லை.

விடியற்காலையில் மஞ்சள் டாங் தண்ணீரின் மேல்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு, பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது. மஞ்சளே இல்லை, வெளுத்துப் போயிருந்தது. க்ளவுன் ஜோடியில் பெரியது தண்ணீர் வழிந்தோடும் ஓவர்ஃப்ளோ பல்லில் ஒட்டியிருந்தது. கையில் கிடைத்த பவர்ஹெட்டை (தண்ணீர் தள்ளும் பம்ப்) மேலே திருப்பிவிட்டு, வாளியில் மொண்டு மொண்டு மேலிருந்து ஊற்றி, காற்று பம்ப்பைத் தேடி எடுத்துப் போடுவதற்குள் டாங் அடங்கிவிட்டது. கோபி தப்பியது, சின்ன க்ளவுன் தப்பியது. ஹேமரின் தலைகள் அடுத்தடுத்து சுருங்கிப் பழுப்புக் கூழாக வடிந்தன.

என்ன நடந்தது என்று இப்போது தெரியும். அந்தத் தூள் எரித்ரோமைசின் மாதிரி ஏதோ ஒரு ஆன்டிபயாட்டிக் என்றுதான் என் சந்தேகம். இந்த ஊரில் மருத்துவர் சீட்டு இல்லாமல் வாங்க முடியாத சமாச்சாரம். அது சயனோவைக் கொல்லும், மறுக்கவில்லை. ஸ்கிம்மர் அப்படி நுரை தள்ளுவதும் அந்த வகை மருந்து போட்டவர்கள் எல்லாரும் சொல்வதுதான். ஆனால் மொத்தச் சயனோவும் ஒரே நேரத்தில் செத்து அழுகினால், அழுகவைக்கும் பாக்டீரியா தண்ணீரில் இருக்கும் ஆக்ஸிஜனையெல்லாம் இழுத்துவிடும். இரவில் விளக்கு இல்லை, ஒளிச்சேர்க்கை இல்லை. தொட்டிக்குள் காற்றைத் தள்ளிக்கொண்டிருந்த ஒரே பொருள் ஸ்கிம்மர். அதையும் நிறுத்தச் சொன்னவர் அவர்தான்.

இனி அவர் பதில்களைக் கேளுங்கள். முதலில் போனில், "நைட்டு தீனி போட்டீங்களாண்ணே?" போடவில்லை என்றதும், "உங்க சில்லர் பழசு, சூடு ஏறியிருக்கும்." தண்ணீரைக் குளிர்விக்கும் அந்தச் சில்லர் 26 டிகிரி காட்டும் படத்தை அனுப்பினேன். "டாங் ஏற்கெனவே சீக்கா இருந்துச்சு, நான் அன்னிக்கே பாத்தேன்." பார்த்தவர் அன்றைக்கே ஏன் சொல்லவில்லை? அதற்குப் பதில் இல்லை. அடுத்து, புது மீன் தருகிறேன் என்றார். எப்போது? "பாஸ் ஊர்ல இல்லண்ணே." அதுவரை அவரேதான் பாஸ், சொந்த ஃபார்முலா வேறு. 860 வெள்ளியைத் திருப்பிக் கேட்டபோது, அண்ணன் போய் "டியர் கஸ்டமர்" வந்துவிட்டது. உயிருள்ளவற்றுக்கு எங்கள் சேவையில் உத்தரவாதம் கிடையாது என்று பத்தி பத்தியாக ஆங்கிலத்தில் வந்தது. உத்தரவாதம் என்று கொட்டை எழுத்தில் போட்ட விளம்பரத்தின் படத்தை அனுப்பினேன். ப்ளூ டிக் விழுந்தது. பிறகு அதுவும் விழவில்லை, ப்ளாக் செய்துவிட்டார்.

ஆப்புக்குப் புகார் கொடுத்தேன். பணம் எங்கள் வழியாகப் போகவில்லை, ஆகவே எங்களால் ஒன்றும் செய்ய முடியாது என்று இயந்திரம் எழுதியது போல ஒரு பதில். விளம்பரத்தையாவது எடுங்கள் என்றேன், "பரிசீலிக்கிறோம்." நேற்று இரவு பார்த்தேன், வேறு பெயரில் அதே விளம்பரம், அதே எழுத்துப்பிழைகள். புதிதாக ஒரு "முன்" படம் சேர்ந்திருக்கிறது, சிவப்பு படர்ந்த மணல். அது என் தொட்டி. மூலையில் என் அம்மா வைத்த ஃபிரிட்ஜ் மேக்னெட் தெரிகிறது!

இன்னொன்று. முதல் வாட்டர் சேஞ்சுக்குப் பிறகு, ஆவியாகும் தண்ணீரை ஈடுகட்ட என்று ஒரு ஜெர்ரி கேன் ஆர்ஓடிஐ தண்ணீரை வைத்துவிட்டுப் போயிருந்தார். தண்ணீரில் கரைந்திருப்பதை அளக்கும் டிடிஎஸ் மீட்டரைக் கடன் வாங்கி அளந்தேன். ஆர்ஓடிஐ என்றால் பூஜ்யம் காட்ட வேண்டும். 96 காட்டியது. சமையலறைக் குழாயைத் திறந்து ஒரு கிளாஸ் பிடித்து அளந்தேன். அதுவும் 96. அதாவது என் குழாய்த் தண்ணீரை எனக்கே விற்றிருக்கிறார், அதுவும் என் 860 வெள்ளியில். இங்கே குழாய்த் தண்ணீர் குடிக்க அருமையான தண்ணீர்தான். ஆனால் கிருமி வராமலிருக்கக் குளோரமைன் சேர்க்கிறார்கள், குளோரின் மாதிரி வாளியில் ஒரு ராத்திரி வைத்தால் பறந்துவிடாது. ரீஃப் தொட்டிக்கு அப்படியே ஊற்றுகிற தண்ணீர் அல்ல. அம்மோனியா கிட்டை அந்தக் கேன் தண்ணீரில் போட்டேன், பச்சையாகத் திரும்பியது, அம்மோனியா இருக்கிறது என்று அர்த்தம்.

ஸ்மால் கிளெய்ம்ஸில் (சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றம்) மனு போடப் போகிறேன். 20,000 வெள்ளி வரை அங்கே கேட்கலாம், வக்கீல் வைக்க அனுமதி இல்லை, சம்பவம் நடந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். போட ஆரம்பித்தபோதுதான் அடுத்த அடி: எதிராளியின் பெயர், முகவரி வேண்டும். என்னிடம் இருப்பது ஒரு கைபேசி எண் மட்டும்தான். பயனீட்டாளர் சங்கத்திலும் கேட்கப் போகிறேன். 860 வெள்ளி முழுதாக வருமா என்றால் சந்தேகம்தான்.

விளக்கமாகச் சொல்கிறேன் என்றேன், கை நடுங்குகிறது, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பேநவ் போடுவதானால் யூஇஎன் எண்ணுக்கு (பதிவுசெய்த நிறுவனத்தின் எண்) போடுங்கள், தனியாள் கைபேசி எண்ணுக்குப் போடாதீர்கள். யூஇஎன் இல்லாதவனுக்கு முன்பணமே வேண்டாம். லேபிள் இல்லாத தூள் தொட்டிக்குள் போகக்கூடாது, யார் கொண்டுவந்தாலும். எந்தச் சயனோ மருந்து போட்டாலும் ஏர் ஸ்டோனை முதலில் இறக்குங்கள், ராத்திரி முழுக்க ஓடட்டும், மருந்துக்கு முன்பே முடிந்தவரை சயனோவைக் கையால் உறிஞ்சி எடுத்துவிடுங்கள், அழுகுவதற்கு மிச்சம் இருக்கக்கூடாது. வெளியிலிருந்து வரும் தண்ணீரை அவர் கண்முன்னாலேயே டிடிஎஸ் வைத்து அளங்கள், உப்பு போடுவதற்கு முன்பு. பழுப்பாக, சளிபோல நூல்நூலாகத் தொங்கினால் அது சயனோவாக இல்லாமல் டைனோவாக (டைனோஃப்ளாஜெல்லேட் என்ற வேறொரு நுண்ணுயிர்) இருக்கலாம், அதற்குப் பாஸ்பேட்டைக் குறைத்தால் இன்னும் பெருகும், யாரிடமாவது மைக்ரோஸ்கோப் இருந்தால் காட்டுங்கள்.

என் மூலைச் சயனோ இப்போது குறைந்துகொண்டிருக்கிறது. புது வேவ்மேக்கர் மாட்டினேன், வேறொன்றும் செய்யவில்லை. விலை 75 வெள்ளி.

"முன்" படத்தில் ஃபிரிட்ஜ் மேக்னெட் தெரிகிற விளம்பரம் உங்கள் கண்ணில் பட்டால் தயவுசெய்து ரிப்போர்ட் செய்யுங்கள். அவருடைய உண்மையான பெயரும் முகவரியும் தெரிந்தவர்கள் இங்கே போடாமல் எனக்குத் தனியாகச் செய்தி அனுப்புங்கள், மனுவுக்கு வேண்டும்.