பசையில் நின்ற பல்சக்கரம்: ஃபிக்ஸி கட்டப்போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

சிங்கப்பூரில் புதிதாக ஒரு ஃபிக்ஸட் கியர் மிதிவண்டியை, அதாவது பின்சக்கரம் சுழலும்வரை மிதியும் கூடவே சுழலும் ‘ஃபிக்ஸி’யைக் கட்ட நினைப்பவர்கள், கடைக்காரரிடம் பணத்தைக் கொடுப்பதற்கு முன் பின்சக்கரத்தின் பல்சக்கரத்தைக் கழற்றி, ஹப்பின் (சக்கரத்தின் நடுத்துண்டின்) திருகு மரையைக் காட்டச் சொல்லுங்கள். நான் அதைக் கேட்கவில்லை. சட்டகத்தின் அளவுக்கும் நிறத்துக்கும் இரண்டு மாதம் அலைந்த நான், சக்கரங்களைக் கடைக்காரரின் பொறுப்பில் விட்டுவிட்டேன். 1,150 வெள்ளிக்கான ரசீதில் ‘டிராக் ஹப்’ (ஃபிக்ஸிக்குரிய ஹப்) என்று தெளிவாக எழுதியிருந்ததால் சந்தேகமும் எழவில்லை.

மூன்றாவது வாரம் மவுண்ட் ஃபேபர் இறக்கத்தில், வேகத்தைக் குறைப்பதற்காக மிதியைப் பின்னோக்கி அழுத்தியபோது, எந்தத் தடையும் இல்லாமல் அது கால்வாசிச் சுற்று பின்னே போயிற்று. ஃபிக்ஸியில் நடக்கவே கூடாதது அது. முன் பிரேக்கைப் பிடித்து ஓரமாக நிறுத்தினேன். அந்தப் பிரேக்கும் வேண்டாம், வண்டியின் அழகு கெடும் என்றுதான் கடையில் சொன்னார்கள். 2022 பிப்ரவரி 1 முதல் எந்த மிதிவண்டிக்கும் குறைந்தது ஒரு கைப்பிரேக் கட்டாயம் என்பதால் நான் பிடிவாதமாகப் போடச் சொல்லியிருந்தேன்.

வேறொரு பட்டறையில் பிரித்துப் பார்த்தபோது விஷயம் வெளிப்பட்டது. உண்மையான டிராக் ஹப்பில் இரண்டு படி மரை இருக்கும்: பல்சக்கரத்துக்கு வலப்பக்கம் திருகினால் இறுகும் வலம்புரி மரை, அதற்கு வெளியே சற்றுச் சிறிய விட்டத்தில், பல்சக்கரத்தைக் கழலாமல் பிடிக்கும் லாக்ரிங் என்ற வளையத்துக்கு, இடப்பக்கம் திருகினால் இறுகும் இடம்புரி மரை. மிதியைப் பின்னோக்கி அழுத்தும்போது பல்சக்கரம் கழல முயலும். ஆனால் அதே விசை லாக்ரிங்கை இறுக்கும் என்பதால் அது அசையாது. என் வண்டியில் இருந்ததோ, மிதிக்காமலே உருளும் வண்டிகளுக்கான சாதாரண ஃப்ரீவீல் ஹப். அதில் ஒரே வலம்புரி மரைதான் உண்டு. அதன்மீது பல்சக்கரத்தைத் திருகி, பெடல் அச்சுக்குரிய லாக்ரிங் ஒன்றையும் அதே மரையில் மாட்டி, மரைப்பசை தடவி விட்டிருந்தார்கள். இரண்டும் ஒரே திசையில் கழலக்கூடியவை. விரலால் தடவியபோது காய்ந்த நீலப் பசை, பெயின்ட் உரிவதுபோல உதிர்ந்தது.

பல்சக்கரங்களின் பல் எண்ணிக்கையிலும் கடைக்காரர்கள் அக்கறை காட்டவில்லை. முன்னே 48, பின்னே 16 பல் என்றால் விகிதம் சரியாக மூன்று: மிதி ஒரு சுற்றுச் சுற்றினால் பின்சக்கரம் மிச்சமின்றி மூன்று சுற்றுச் சுற்றும். ஒரே காலை முன்வைத்துச் சறுக்கி நிறுத்தும்போதெல்லாம் டயரின் ஒரே இடம்தான் தரையில் தேயும். என் டயரில் கட்டைவிரல் அகலத்துக்கு நூல் தெரிந்தது. பின்னே 17 பல் போட்டிருந்தால் அந்தத் தேய்மானம் பதினேழு இடங்களுக்குப் பரவியிருக்கும். விலை வித்தியாசமும் கிடையாது.

அவர்கள் விற்ற பூட்டும் மெல்லிய கம்பிவடம்தான். நல்லவேளை, திருட்டு நடக்கவில்லை. இப்போது யூ வடிவ எஃகுப் பூட்டைப் பின்சக்கர விளிம்போடும் சட்டகத்தின் பின்முக்கோணத்தோடும் சேர்த்துக் கம்பத்தில் பூட்டுகிறேன். முன்சக்கரத்துக்குத் தனிப் பூட்டு வேண்டும், ஏனெனில் அச்சு நட்டுகளைக் கழற்ற ஒரு ஸ்பேனர் போதும்.

கடையில் முறையிட்டபோது, நான் முரட்டுத்தனமாக ஓட்டியதால்தான் கழன்றது என்றார்கள். வாங்கிய ஆறு மாதத்துக்குள் தெரியவரும் குறை, மாற்றாக நிரூபிக்கப்படாதவரை, ஒப்படைக்கும்போதே இருந்ததாகத்தான் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் கருதுகிறது என்று எடுத்துச் சொன்ன பிறகு, பல்சக்கரத்தை மீண்டும் இறுக்கித் தருவதாக இறங்கி வந்தார்கள். அதே பசையால்தானே என்று கேட்டேன், பதில் இல்லை. சிறு உரிமைகோரல் நடுவர் மன்றத்துக்கு விண்ணப்பித்திருக்கிறேன். உண்மையான டிராக் ஹப்போடு புதிய பின்சக்கரத்தை வேறிடத்தில் கட்டிக்கொண்டேன். பழைய ஹப்பும் உதிர்ந்த பசைத் துணுக்குகளும் விசாரணை நாளுக்காக ஒரு பிஸ்கட் டப்பாவில் இருக்கின்றன.