குன்றிக்கு ஏன் 8? டி அண்ட் டி பியாண்டில் ஒரு கேரக்டர் உருவான கதை

மூன்று மாதமாக ஒவ்வொரு சனிக்கிழமை இரவும், டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (டி அண்ட் டி) விளையாட்டில், நான் குன்றி. அவள் ஒரு ட்வார்ஃப் (குள்ள இனத்தவள்), முன்னாள் படைவீராங்கனை, இப்போது காயம்பட்டவர்களைத் தேற்றும் கிளெரிக், அதாவது தெய்வ அருளால் மந்திரம் போடுபவள். டி அண்ட் டி பியாண்ட் என்ற இணையதளத்தின் கேரக்டர் பில்டரில், அதாவது கதாபாத்திரத்தை உருவாக்கும் கருவியில்தான் அவளை உருவாக்கினேன். இந்தக் கருவி எதை நன்றாகச் செய்கிறது, எதை நம்மிடமே விட்டுவிடுகிறது என்பது இப்போது எனக்குத் தெளிவாகியிருக்கிறது. முதல் கேரக்டரை உருவாக்கப் போகிறவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 1974 முதல் ஆளுக்கொரு கதாபாத்திரமாகி, டைஸ் உருட்டி, மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடிவரும் கதை விளையாட்டு. எங்கள் குழுவில் ஐந்து பேர், ஐந்து வெவ்வேறு இடங்களில் இருக்கிறோம். குரல் அழைப்பில்தான் ஆடுகிறோம். காகிதத்தில் எழுதி வைத்தால் மற்றவர்கள் பார்க்க முடியாது, கதையை நடத்தும் டிஎம்மும் (டஞ்சன் மாஸ்டர்) சரிபார்க்க முடியாது. முன்பு வேறொரு செயலியில் கேரக்டர் ஷீட் (கதாபாத்திரத்தின் விவரத்தாள்) வைத்திருந்தேன். ஒருநாள் அதைத் திறந்தபோது எட்டு மாதக் குறிப்புகளும் காணாமல் போயிருந்தன. அன்று உண்மையிலேயே அழுதேன். அதனால் இந்த முறை கேம்பெயின் (பல வாரம் தொடரும் கதை) தொடங்கும் முன்பே எங்கே வைப்பது என்று நிதானமாகத் தேடினேன்.

டி அண்ட் டி பியாண்ட் 2017-இல் வந்தது. விளையாட்டை வெளியிடும் விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனத்தின் கைக்கு 2022-இல் போனது. கணக்கு தொடங்க எதுவும் கட்ட வேண்டாம், ஆறு கேரக்டர் வரை வைத்துக்கொள்ளலாம். ஆறு இடம் குறைவு என்று சிலர் சொல்வார்கள். எனக்கு ஒன்றே போதும். புத்தகமும் வாங்கவில்லை. 2025-இல் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வந்த எஸ்ஆர்டி 5.2 விதி ஆவணத்திலேயே 12 கிளாஸ் (தொழில்), ஒவ்வொன்றுக்கும் ஒரு சப்கிளாஸ் (உட்பிரிவு), ஒன்பது ஸ்பீஷீஸ் (இனம்), நான்கு பேக்கிரவுண்ட் (முன்வாழ்க்கை) இருக்கின்றன. ட்வார்ஃப், கிளெரிக், சோல்ஜர் மூன்றும் அதில் உண்டு. அந்த நான்கு பேக்கிரவுண்டைப் பார்த்து ஏமாற்றம் அடையாதீர்கள். அக்கோலைட் (கோயில் ஊழியர்), கிரிமினல், சேஜ் (அறிஞர்), சோல்ஜர் ஆகிய நான்கிலிருந்தே நாலாயிரம் மனிதர்களை உருவாக்கலாம்.

சரி, பில்டருக்கு வருவோம். முதல் பக்கத்தில் சில அமைப்புகளைக் கேட்கும். ஹிட் பாயின்ட்டை (எவ்வளவு அடி தாங்கலாம் என்ற எண்) நிலையான எண்ணாக எடுப்பதா, டைஸ் உருட்டுவதா, லெவல் ஏறுவது அனுபவப் புள்ளியாலா, கதையின் கட்டங்களாலா என்பவை அவை. இவற்றை நீங்களே முடிவு செய்யாமல் டிஎம்மிடம் கேட்டு வையுங்கள். இன்னொன்று: 2014 விதிகளில் திறன் எண்களைக் கூட்டித் தந்தது ரேஸ் (இப்போதைய ஸ்பீஷீஸ்), 2024 விதிகளில் அந்த வேலை பேக்கிரவுண்டுக்குப் போய்விட்டது. பழைய பதிப்பு என்று குறிப்பிட்டிருக்கும் எதையும் புதியதோடு கலந்தால் குழப்பம்தான். உங்கள் குழு எந்த ஆண்டின் விதியில் ஆடுகிறது என்று கேட்காமல் அடுத்த பொத்தானை அழுத்தாதீர்கள்.

அப்புறம் கிளாஸ், பேக்கிரவுண்ட், ஸ்பீஷீஸ், திறன் எண்கள், சாமான்கள் என்று பக்கம் பக்கமாகப் போகும். எதையாவது தேர்ந்தெடுக்காமல் விட்டால் அங்கே அடையாளம் காட்டிக்கொண்டே இருக்கும். முதல் முறை உருவாக்குபவருக்கு இது பெரிய துணை. கிளெரிக்கின் முதல் லெவலில் மட்டும் எத்தனை தேர்வுகள்! மூன்று கான்ட்ரிப் (எத்தனை முறையும் போடக்கூடிய சிறு மந்திரம்), நான்கு மந்திரம், இரண்டு ஸ்கில், அதோடு புரொடெக்டரா (கவசம் போட்டுச் சண்டையிடுபவர்) தாமடர்ஜா (மந்திரத்தில் ஆழ்பவர்) என்ற முடிவு. கையால் எழுதினால் இவற்றில் ஒன்றாவது எனக்கு விட்டுப்போகும்.

ஸ்ட்ரெங்த் (பலம்), டெக்ஸ்டெரிட்டி (சுறுசுறுப்பு), கான்ஸ்டிடியூஷன் (உடல் உறுதி), இன்டெலிஜென்ஸ் (அறிவு), விஸ்டம் (விவேகம்), கரிஸ்மா (கவர்ச்சி) ஆகிய ஆறு திறன் எண்களுக்கு மூன்று வழி. நான்கு டி6 (ஆறு முக டைஸ்) உருட்டி மிகச் சிறியதைக் கழிப்பது ஒன்று. 27 புள்ளிகளைச் செலவழித்து வாங்குவது இன்னொன்று. 15, 14, 13, 12, 10, 8 என்ற ஆறு எண்களை அப்படியே எடுத்துப் பிரித்துப் போடும் ஸ்டாண்டர்ட் அரே மூன்றாவது. பலருக்குத் தெரியாத ஒரு விஷயம், இந்த ஆறு எண்களின் விலையைப் புள்ளிக் கணக்கில் கூட்டிப் பார்த்தால் 9, 7, 5, 4, 2, 0 என்று சரியாக 27 வரும். அதாவது ஸ்டாண்டர்ட் அரே என்பதும் புள்ளிக் கணக்கில் வாங்கிய ஒரு மூட்டைதான். போன கேம்பெயினில் நாங்கள் எல்லோரும் உருட்டினோம். ஒருத்திக்கு 18-ம் 17-ம் விழுந்தன, என் தோழிக்கு 7-ம் 6-ம். மாதக்கணக்கில் அவள் எதைச் செய்தாலும் பக்கத்தில் இருப்பவள் அதைவிட நன்றாகச் செய்தாள். இந்த முறை ஐந்து பேரும் பேசி ஸ்டாண்டர்ட் அரே என்று முடிவெடுத்தோம். புதிய குழுக்களுக்கும் அதையே சொல்வேன்.

இங்கேதான் எனக்குச் சிக்கல் வந்தது. கிளெரிக்கின் மந்திரங்கள் விஸ்டத்தை நம்பி இருப்பவை. அதனால் 15-ஐ விஸ்டத்தில் போட்டேன். பேக்கிரவுண்டாக அக்கோலைட்டையோ சேஜையோ எடுத்திருந்தால் இரண்டு கூடி 17 ஆகியிருக்கும். ஆனால் நான் வேலையில் செவிலியர். காயம் பார்க்கும் ஒருத்தி கோயிலிலிருந்தோ நூலகத்திலிருந்தோ வருவதைவிட, போர்க்களத்திலிருந்து வருவதுதான் எனக்குப் புரிந்தது. சோல்ஜர் வேண்டும் என்று மனம் பிடித்துக்கொண்டது. சோல்ஜரோ ஸ்ட்ரெங்த், டெக்ஸ்டெரிட்டி, கான்ஸ்டிடியூஷன் மூன்றையும்தான் கூட்டும், விஸ்டத்தைத் தொடாது.

ஒரு மாலை முழுக்க இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். கருவியின் உண்மையான மதிப்பு எனக்கு அப்போதுதான் தெரிந்தது. பேக்கிரவுண்டை மாற்றியதும் எல்லா எண்களும் கூடவே மாறின. விஸ்டம் 17 என்றால் டைஸில் விழுந்ததோடு கூட்டல் 3, 15 என்றால் கூட்டல் 2. என் மந்திரத்தை எதிரி தாங்க வேண்டிய எண் 13-க்குப் பதில் 12. இருபது முக டைஸான டி20-இல் ஒரே ஒரு முகம்தான் வித்தியாசம், நூற்றுக்கு ஐந்து. அந்த ஐந்தைக் கொடுத்து எனக்குப் பிடித்தவளை வாங்கலாமா? வாங்கலாம் என்று தோன்றியது. கணக்கைக் கையால் போட்டிருந்தால் பயத்திலேயே சேஜை எடுத்திருப்பேன்.

கணக்கு இப்படி முடிந்தது. ஸ்ட்ரெங்த் 13 உடன் ஒன்று சேர்ந்து 14. கான்ஸ்டிடியூஷன் 14 உடன் இரண்டு சேர்ந்து 16. இன்டெலிஜென்ஸ் 10, கரிஸ்மா 12. டெக்ஸ்டெரிட்டிக்கு மிஞ்சியது 8. ஹிட் பாயின்ட் கிளெரிக்கின் 8, கான்ஸ்டிடியூஷனால் 3, ட்வார்ஃப் என்பதால் 1, ஆக 12. முதல் லெவல் கிளெரிக்குக்கு இது தாராளம். கிளெரிக்குக்குத் தரும் சாமான் மூட்டைக்குப் பதிலாக 110 பொற்காசை எடுத்துக்கொண்டேன். 75-க்குச் செயின் மெயில் கவசம், 10-க்குக் கேடயம். புரொடெக்டர் என்பதால் கனமான கவசம் போடப் பயிற்சி உண்டு. ஆர்மர் கிளாஸ் (எதிரியின் அடி படாமல் காக்கும் எண்) 18. ஷீட்டில் அந்த 18-ஐத் தொட்டால் எது எங்கிருந்து வந்தது என்று பிரித்துக் காட்டும். இதை எல்லா எண்களுக்கும் செய்து பாருங்கள். விதிப்புத்தகத்தை நான் கற்றுக்கொண்டது பாதி இப்படித்தான்.

வேகமும் ஒரு ஆபத்து. ஏன் என்று கேட்காமலே அரை மணி நேரத்தில் முழு ஷீட்டும் தயாராகிவிடும். எங்கள் குழுவில் ஒரு தம்பி அப்படித்தான் உருவாக்கினான். முதல் சண்டையில், தன் மந்திரத்துக்கு எந்த எண்ணைக் கூட்டுவது என்று அவனுக்குத் தெரியவில்லை. பொத்தானை அழுத்தினால் டைஸ் உருளும், விடை வரும், அவ்வளவுதான் தெரியும். அதனால் முதல் கேரக்டரை ஒருமுறை வெள்ளைத்தாளில் போட்டுவிட்டு, பிறகு பில்டரில் ஏற்றுங்கள். இரண்டும் ஒத்துவராத இடத்தில் நீங்கள் எதையோ தவறாகப் புரிந்திருக்கிறீர்கள். அந்த இடத்தைத் தேடிப் படித்தால் மறக்கவே மறக்காது.

கடைசியில் ஆளைப் பற்றிய பக்கம். வயது, உயரம், கண்ணின் நிறம், குணம், லட்சியம், பிணைப்பு, குறை என்று பெட்டிகள். மற்ற பக்கங்களில் கருவி நம் கையைப் பிடித்துக்கொண்டே வந்தது. இங்கே வெற்றுப் பெட்டிகளோடு நம்மை விட்டுவிடுகிறது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை, எந்தக் கருவியும் இதைச் செய்து தர முடியாது. இருந்தாலும், அந்தப் பக்கத்தை நிரப்பாமலேயே முடித்துவிட முடியும் என்பதால் நிறையப் பேர் அப்படியே தாண்டிவிடுகிறார்கள். நானும் பெயரை மட்டும் எழுதிவிட்டு ஷீட்டை டிஎம்முக்கு அனுப்பினேன்.

எங்கள் டிஎம் அண்ணா பதினைந்து வருடமாக ஆடுபவர். ஷீட்டைப் பார்த்துவிட்டு அழைத்தார். "எல்லாம் சரியா இருக்கும்மா. ஒண்ணு மட்டும் சொல்லு. குன்றிக்கு ஏன் 8?"

"கனமான கவசம் போட்டா டெக்ஸ்டெரிட்டி தேவையில்லண்ணா. அதான் அங்க போட்டேன்."

"அது நீ ஏன் போட்டங்கிறது. அவளுக்கு ஏன்?"

என்னிடம் பதில் இல்லை. இரண்டு நாள் எடுத்துக்கொண்டேன். டெக்ஸ்டெரிட்டி 8 என்றால் இனிஷியேட்டிவ் (சண்டையில் யார் முதலில் என்று முடிவு செய்யும் எண்) கழித்தல் 1. சண்டை தொடங்கும்போது பெரும்பாலும் கடைசியாக நகர்பவள். கை நடுக்கம், பழைய காயம், கனத்த உடம்பு என்று யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் ஒட்டவில்லை. பிறகு வார்டில் ஒரு இரவு, ஒரே நேரத்தில் நான்கு பேரைக் கொண்டுவந்தார்கள். நான் ஓடவில்லை. வாசலிலேயே நின்று நான்கு பேரையும் பார்த்தேன். யார் மூச்சு விடுகிறார், யாருக்கு ரத்தம் நிற்கவில்லை, யார் காத்திருக்கலாம். சில நொடிகள்தான். அப்புறம்தான் நகர்ந்தேன். வீட்டுக்கு வந்ததும் அந்தப் பெட்டியில் எழுதினேன்: குன்றி முதலில் நின்று பார்ப்பாள். எத்தனை பேர் விழுந்திருக்கிறார்கள் என்று எண்ணி முடிக்காமல் அடி எடுத்து வைக்க மாட்டாள். ஒருமுறை எண்ணாமல் ஓடியதால் ஒருவனைத் தவறவிட்டாள்.

அந்த மூன்று வரிக்குப் பிறகு மற்றப் பெட்டிகள் தாமாகவே நிரம்பின. கான்ட்ரிப்பில் ஒன்றாக ஸ்பேர் தி டையிங் எடுத்தேன், உயிர் போகும் நிலையில் இருப்பவரை அப்படியே நிறுத்திப் பிடிப்பது. ஸ்கில்லில் மெடிசினும் (மருத்துவம்) இன்சைட்டும் (பிறர் மனத்தை அறிதல்). முன்பு தேர்ந்தெடுத்திருந்த ஒரு தாக்குதல் மந்திரத்தை எடுத்துவிட்டு ஹீலிங் வேர்டைப் போட்டேன். அறுபது அடி தூரத்திலிருந்தே ஒரு சொல்லில் குணமாக்கும், கிட்டே ஓடிப்போக வேண்டியதில்லை. நின்று பார்ப்பவளுக்கு ஏற்ற மந்திரம். பில்டரில் திரும்பிப் போய் மாற்றுவது ஒரு நிமிட வேலை. முன்பக்கம் பின்பக்கம் என்று எத்தனை முறை வேண்டுமானாலும் போகலாம் என்பதற்காகவே இதற்கு நன்றி சொல்ல வேண்டும்.

முதல் செஷனில் எங்கள் ரோக் (திருட்டில் கைதேர்ந்தவன்) விழுந்தான். ஹிட் பாயின்ட் பூஜ்யம். அவன் முறையில் டெத் சேவ் (உயிர் தப்புமா என்று பார்க்கும் உருட்டல்) உருட்டினான், 10 வேண்டிய இடத்தில் 4. ஒரு தோல்வி. மூன்று தோல்வி என்றால் முடிந்தது. வரிசையில் எனக்கு முன்னால் இன்னும் இரண்டு எதிரிகள். அழைப்பில் யாரும் பேசவில்லை. கடைசியாக என் முறை வந்ததும் அண்ணா கேட்டார், "குன்றி எண்ணி முடிச்சிட்டாளா?" முடித்துவிட்டாள் என்றேன். ஹீலிங் வேர்ட், இரண்டு டி4, விஸ்டத்தின் 2 சேர்த்து 7. அவன் எழுந்தான். விஸ்டம் 17 ஆக இருந்திருந்தால் 8 கிடைத்திருக்கும். அந்த நேரம் யாருக்கும் அது நினைவுக்கு வரவில்லை.

விளையாடும்போது ஷீட் எப்படி என்று கேட்டால், நன்றாகவே இருக்கிறது. மந்திர ஸ்லாட்டை (மந்திரம் போடும் வாய்ப்பு) செலவழித்தால் குறித்துக்கொள்ளலாம், லாங் ரெஸ்ட் (முழு ஓய்வு) பொத்தானை அழுத்தினால் எல்லாம் மீண்டுவிடும், டெத் சேவுக்கும் தனி இடம் உண்டு. கேம்பெயினில் எல்லோரையும் சேர்த்துவிட்டால் டிஎம் எல்லா ஷீட்டையும் பார்க்கலாம். தளத்தில் மாஸ்டர் என்ற வகைச் சந்தா வைத்திருப்பவர் தான் வாங்கிய புத்தகங்களைத் தன் கேம்பெயினில் உள்ளவர்களோடு பகிரலாம் என்பதால், வாங்குவது என்று வந்தால் குழுவில் ஒருவர் வாங்கினால் போதும். பழைய அனுபவத்தால் நான் மாதம் ஒருமுறை ஷீட்டைப் பிடிஎஃப்பாக இறக்கி வைக்கிறேன். எந்தத் தளமானாலும் அதைச் செய்யுங்கள்.

குன்றி இப்போது மூன்றாவது லெவல், சப்கிளாஸ் லைஃப் டொமைன். அடுத்த லெவலில் திறன் எண்ணில் இரண்டு கூட்டலாம். ஒன்றை விஸ்டத்தில் போட்டு 16 ஆக்குவது என்று முடிவாகிவிட்டது. இன்னொன்றை எங்கே போடுவது என்று குழுவில் ஆளுக்கொரு யோசனை சொல்கிறார்கள். எங்கே போடுவேனோ தெரியாது, டெக்ஸ்டெரிட்டியில் மட்டும் போட மாட்டேன்.