ஐந்து வருடம் ஓடிய சிஸ்டமும் கைக்கு வராத கேபிள் பையும்

போன வாரம் ஆபீஸில் கூட வேலை பார்க்கும் தம்பி ஒருவன் கேட்டான். "அக்கா, புது கம்ப்யூட்டர் சிஸ்டம் போடப்போறேன். பார்ட்ஸ் எல்லாம் பார்த்து வச்சிட்டேன். நானே பூட்டிரவா, இல்ல ஆளுகிட்ட குடுத்துரவா?" இரண்டு மாதத்துக்கு முன் கேட்டிருந்தால் நிதானமாகப் பதில் சொல்லியிருப்பேன். ஹார்டு டிஸ்க் ஒன்று ரிப்பேருக்குப் போய்த் திரும்பிப் பத்து நாள்தான் ஆகிறது. மனசு இன்னும் ஆறவில்லை. அவனிடம் அரைகுறையாகச் சொன்னதை இங்கே முழுசாக எழுதுகிறேன்.

என்னிடம் இரண்டு சிஸ்டம் இருக்கின்றன. முதலாவது 2020-இல் ஆள் வைத்து அசெம்பிள் செய்தது: ரைசன் 5 3600 ப்ராசஸர், பி450 மதர்போர்டு, 16 ஜிபி ரேம். இரண்டாவது 2023-இல் நானே பூட்டியது: ரைசன் 5 7600, டிடிஆர்5 ரேம். முதலாவதில் வீடியோ எடிட்டிங், இரண்டாவதில் மற்ற எல்லாம். இரண்டும் தினமும் ஓடுகின்றன.

முதலில், அந்த 2020 சிஸ்டத்தை அசெம்பிள் செய்த அண்ணனின் வேலையைச் சொல்லிவிடுகிறேன். கோபத்தில் அது விட்டுப்போகக் கூடாது. கேபினெட்டின் பின்பக்கக் கதவைக் கழற்றினால் இன்றைக்கும் ஒரு நிமிஷம் நின்று பார்க்கத் தோன்றும். போர்டுக்குப் போகும் 24 பின் கேபிள் ஒரே வளைவில் உள்ளே நுழைகிறது. நான்கு விரல் இடைவெளிக்கு ஒரு பிளாஸ்டிக் டை கட்டி, அதன் வாலைக்கூட ஒட்ட நறுக்கியிருக்கிறார். ப்ராசஸருக்கான 8 பின் கேபிளை போர்டு வைப்பதற்கு முன்பே மேல் மூலைவரை இழுத்து வைத்துவிட்டார். அது எவ்வளவு பெரிய விஷயம் என்பது நானே பூட்டிய அன்றுதான் புரிந்தது. ஐந்து வருடத்தில் அந்த சிஸ்டம் தானாக ஒரு முறைகூட நின்றதில்லை. வருடத்துக்கு இரண்டு தடவை தூசி தட்டினேன், அவ்வளவுதான் நான் செய்த பராமரிப்பு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பூட்டிய அன்று ரேம் குச்சிகளில் ஒன்று பெட்டியிலிருந்தே செத்து வந்திருந்தது. திரையில் ஒன்றும் வரவில்லை. அவர் தன் பையிலிருந்து வேறொரு ரேமை எடுத்து மாற்றி மாற்றிப் போட்டுப் பத்து நிமிஷத்தில் இன்னதுதான் கோளாறு என்று பிடித்துவிட்டார். நம் வீட்டில் உபரி ரேம் ஏது, எல்லாவற்றுக்கும் மின்சாரம் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் பெட்டியில் உபரி ஏது? தனியாகப் பூட்டுகிறவருக்கு ஒரு பார்ட் செத்து வந்தால், போர்டா, ரேமா, ப்ராசஸரா என்று தெரிவதற்குள் ஒரு வாரம் போய்விடும். ஆளிடம் கொடுப்பதில் எனக்குத் தெரிந்த மிகப் பெரிய லாபம் இதுதான். கை நேர்த்திகூட இதற்கு அடுத்ததுதான்.

குறை என்று பார்த்தால் ஒன்று ரேம் வேகம். நான் வாங்கியது 3200 வேகத்தில் ஓட வேண்டிய ரேம். பயாஸில், அதாவது போர்டின் சொந்த செட்டிங் பக்கத்தில், எக்ஸ்எம்பி என்று ஒன்று இருக்கிறது. அதை ஆன் செய்தால்தான் பெட்டியில் அச்சடித்த வேகம் கிடைக்கும், இல்லையென்றால் போர்டு பத்திரமான குறைந்த வேகத்திலேயே ஓட்டும். அவர் ஆன் செய்யவில்லை. மூன்று வருடம் 2133-இல் ஓடியிருக்கிறது. இரண்டாவது சிஸ்டத்துக்காகப் படித்தபோதுதான் சந்தேகம் வந்து டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தைத் திறந்து பார்த்தேன். ரைசனில் ரேம் வேகத்தோடு ப்ராசஸரின் உள் இணைப்பும் சேர்ந்தே ஓடுவதால் வித்தியாசம் கொஞ்சம் கூடுதலாகவே தெரியும். வருத்தப்பட்டேன், ஆன் செய்தேன், மறந்துவிட்டேன். மனிதருக்கு ஒன்று விட்டுப்போவது சகஜம்.

இனி நானே பூட்டிய கதை. காலையில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கும்போது இருட்டிவிட்டது.

ப்ராசஸர் உட்காரும் ஏஎம்5 சாக்கெட்டில் பின்கள் ப்ராசஸரில் கிடையாது, போர்டில்தான் இருக்கின்றன. 1718 தொடுமுனைகள், ஒவ்வொன்றும் முடி கனம். ப்ராசஸரை முக்கோணக் குறி பார்த்து வைத்தாயிற்று. லீவரை அழுத்தினால் அது இறங்க மாட்டேன் என்கிறது. எவ்வளவு அழுத்தலாம் என்று எந்தத் தாளிலும் எழுதவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு இன்னும் அழுத்தினேன். நறநற என்று ஒரு சத்தம், சாக்கெட் மேலிருந்த கறுப்பு பிளாஸ்டிக் மூடி டப்பென்று துள்ளி மேசையில் விழுந்தது. உடைத்துவிட்டேன் என்று நினைத்துக் கை நடுங்கியது. அந்த மூடி அப்படித் தானாகக் கழன்று விழ வேண்டியதுதான் என்று பிறகுதான் தெரிந்தது. பத்திரமாக எடுத்து வைத்தேன். போர்டை எப்போதாவது வாரண்டிக்கு அனுப்ப வேண்டி வந்தால் அந்த மூடியை மாட்டித்தான் அனுப்ப வேண்டும்.

அடுத்தது 8 பின் கேபிள். போர்டை முடுக்கி, ப்ராசஸர் கூலரையும் மாட்டிய பிறகுதான் மேல் மூலையில் கை நுழையவில்லை என்று தெரிந்தது. கூலரைத் திரும்பக் கழற்றினேன். கூலருக்கும் ப்ராசஸருக்கும் நடுவில் இருந்த பழைய தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்துவிட்டுப் புதிதாக வைத்தேன். முன்னாலேயே கேபிளை இழுத்து வைத்திருந்த அந்த அண்ணனின் அருமை அப்போது தெரிந்தது.

ஆன் செய்தால் திரை கறுப்பு. போர்டில் டிராம் என்று எழுதிய இடத்தில் ஒரு விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம், நான்கு நிமிஷம். ரேம் போச்சு என்றே முடிவு செய்து பின்பக்க ஸ்விட்சில் கை வைத்துவிட்டேன். ஏதோ ஒரு எண்ணத்தில் கையை எடுத்தேன். கொஞ்ச நேரத்தில் திரை தானாக வந்தது. டிடிஆர்5 போர்டுகள் முதல் முறை ஆன் ஆகும்போது ரேமுக்கு ஏற்றபடி தங்களைத் தாங்களே சரிசெய்துகொள்ள இப்படிச் சில நிமிஷம் எடுக்கும். பூட்டுகிற எல்லோரும் இதை முன்கூட்டியே தெரிந்துவைத்திருக்க வேண்டும். பதறிப்போய் பவரை நிறுத்தினால் அந்த வேலை மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

என் சிஸ்டத்தின் பின்பக்கம் பார்க்கச் சகிக்காது. கதவை முழங்காலால் அழுத்தித்தான் மூட முடிந்தது. மேல் ஃபேன் ஒன்றைத் தலைகீழாக மாட்டியதால் முதல் மாதம் சூடான காற்று உள்ளேயே சுற்றியது. சத்தம், நேர்த்தி எதை எடுத்தாலும் அவர் பூட்டியதே நன்றாக இருக்கிறது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இனி போன மாதம் நடந்தது.

பழைய சிஸ்டத்தில் இடம் போதவில்லை. ஒரு ஹார்டு டிஸ்க்கும் ஒரு பழைய எஸ்எஸ்டியும் கூடுதலாக மாட்ட நினைத்தேன். அந்த எஸ்எம்பிஎஸ் மாடுலர் வகை. தேவையான கேபிளை மட்டும் மாட்டிக்கொள்ளலாம், மிச்சமெல்லாம் ஒரு துணிப்பையில் போட்டு பெட்டியோடு வரும். அந்தப் பையைத் தேடினேன். பரண், அலமாரி, கட்டிலடி எங்கும் இல்லை. கடைசியில்தான் உறைத்தது. 2020-இல் சிஸ்டத்தை மட்டும்தான் கையில் கொடுத்தார். கேபிள் பை என்று ஒன்று என் கைக்கு வரவே இல்லை.

நான் பூட்டிய சிஸ்டத்தின் பை மட்டும் பத்திரமாக இருந்தது. அதிலிருந்து, டிஸ்க்குக்கு மின்சாரம் கொடுக்கும் சாட்டா பவர் கேபிள் ஒன்றை எடுத்தேன். ஒரு முனை எல் வடிவம், மறு முனை ஆறு பின். பழைய எஸ்எம்பிஎஸ்ஸின் துளையும் அதே ஆறு பின்தான். டிக்கென்று கச்சிதமாகப் போய் உட்கார்ந்தது. அந்தச் சத்தத்தை நான் நம்பிவிட்டேன்.

ஆன் செய்தேன். ஃபேன் அரைச் சுற்று சுற்றி நின்றது. லூஸாக இருக்கும் என்று கேபிளை அழுத்திவிட்டு மறுபடி ஆன் செய்தேன். அதே அரைச் சுற்று. கூடவே மெல்லிய கருகல் வாடை.

நடந்தது இதுதான். 1995-இல் இன்டெல் கொண்டுவந்த ஏடிஎக்ஸ் வரையறையால்தான் நம்மைப் போன்றவர்கள் வீட்டில் உட்கார்ந்து சிஸ்டம் பூட்ட முடிகிறது. போர்டின் திருகுத் துளைகள் எங்கே, எஸ்எம்பிஎஸ் எப்படிப் பொருந்த வேண்டும், போர்டுக்குப் போகும் கனெக்டரில் எந்தப் பின்னில் எத்தனை வோல்ட் என்பதெல்லாம் எல்லாக் கம்பெனிக்கும் பொது. சாட்டா கேபிளில் டிஸ்க்கில் மாட்டும் முனைக்கும் அதே போலப் பொது விதி உண்டு. எஸ்எம்பிஎஸ்ஸில் மாட்டும் மறு முனைக்கு மட்டும் பொது விதி எதுவும் இல்லை. கம்பெனிக்குக் கம்பெனி பின் வரிசை மாறும். ஒரே கம்பெனியில் மாடலுக்கு மாடல்கூட மாறும். வடிவம் ஒன்றாக இருப்பதால் கேபிள் உள்ளே போய்விடும். என் கேபிளில் 5 வோல்ட் போக வேண்டிய கம்பியில் 12 வோல்ட் போயிருக்கிறது. அந்தக் காலத்துக் கேபிளாக இருந்தால் மஞ்சள் 12, சிவப்பு 5 என்று நிறம் பார்த்தாவது சந்தேகம் வந்திருக்கும். இதில் எல்லாக் கம்பியும் கறுப்பு.

எஸ்எஸ்டி அங்கேயே செத்துவிட்டது. ஹார்டு டிஸ்க்கின் சர்க்யூட் போர்டில் அரிசி மணி அளவில் ஒரு டயோடு இருக்கிறது. அளவுக்கு மீறி வோல்ட் வந்தால் அது ஷார்ட் ஆகித் தன்னைக் கொடுத்துப் பின்னால் உள்ளதைக் காப்பாற்றும். ஃபேன் அரைச் சுற்றில் நின்றதும் அதனால்தான், ஷார்ட்டைப் பார்த்து எஸ்எம்பிஎஸ் தன்னை நிறுத்திக்கொண்டது. ரிப்பேர் செய்தவர் அந்தக் கருகிய டயோடை லென்ஸுக்கு அடியில் காட்டினார். அதை எடுத்துவிட்டு, டிஸ்க்கை ஒரே ஒரு முறை ஓட்டி, உள்ளே இருந்ததையெல்லாம் வேறொன்றில் நகல் எடுத்துக் கொடுத்தார். பதினோரு மாதப் படங்கள், வேறு எங்கும் நகல் இல்லாதவை. அவர் போன் செய்து "வந்துருச்சு" என்று சொன்னபோது அழுதுவிட்டேன்.

தப்பில் பாதி என்னுடையது. கேபிளை மாற்றிப் போடக் கூடாது என்பதை நான் படித்திருக்க வேண்டும். டிஸ்க்கை மாட்டும் முன் மல்டிமீட்டர் வைத்து வோல்ட் பார்த்திருக்க வேண்டும். ஃபேன் நின்ற பிறகு இரண்டாவது முறை ஆன் செய்திருக்கவே கூடாது. இதையெல்லாம் ஒத்துக்கொண்டுதான் அசெம்பிள் செய்த அண்ணனுக்கு போன் போட்டேன்.

"அண்ணே, அந்த எஸ்எம்பிஎஸ் கூட வந்த கேபிள் பை உங்ககிட்ட இருக்கா?"

"அஞ்சு வருஷம் ஆச்சேம்மா. அதெல்லாம் உங்களுக்குத் தேவைப்படாதுன்னு அப்பவே எடுத்துப் போட்டிருப்பேன்."

தன்மையாகத்தான் சொன்னார், மனதில் கெட்ட எண்ணம் துளியும் கிடையாது. ஆனால் எனக்கு அந்த "உங்களுக்குத் தேவைப்படாது" இன்னும் தொண்டையில் முள்ளாக நிற்கிறது. காசு கொடுத்து வாங்கிய பெட்டிக்குள் இருந்தது என் பொருள். எனக்கு எது தேவைப்படும் என்பதை என்னைக் கேட்காமல் அவர் எப்படி முடிவு செய்யலாம்? வாலை ஒட்ட நறுக்கி டை கட்டத் தெரிந்தவருக்கு, அந்தப் பையை என் கையில் கொடுத்து "இதை மட்டும் தொலைச்சிராதீங்கம்மா" என்று ஒரு வார்த்தை சொல்லத் தோன்றவில்லை. சிஸ்டத்தைக் கொடுத்தார், அதைப் பற்றிய விவரத்தைத் தன்னோடு கொண்டுபோய்விட்டார்.

அதனால் தம்பியிடம், "நீயே பூட்டு" என்றேன்.

அவன் விடவில்லை. "இவ்வளவு நேரம் அவர் வேலையைத்தானக்கா நல்லாருக்குன்னு சொன்னீங்க?"

"ஆமா. இருந்தாலும் நீயே பூட்டு."

என் வயர் குப்பைக்குள் எது எங்கே போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். அவர் பூட்டிய அழகான சிஸ்டத்தில் ஐந்து வருடம் கழித்தும் எனக்கு ஒரு கேபிள் தெரியாது.

நாளைக்கே வேலைக்கு சிஸ்டம் வேண்டும், ஒரு பார்ட் செத்து வந்தால் காத்திருக்க முடியாது என்கிறவர்கள் ஆளிடமே கொடுங்கள். கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகாதீர்கள், பக்கத்தில் உட்காருங்கள். எஸ்எம்பிஎஸ் பை, சாக்கெட் மூடி, மிச்சத் திருகுகள், போர்டு பெட்டி எல்லாவற்றையும் எண்ணி வாங்குங்கள். ரேம் வேகத்தைத் திரையில் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். இத்தனை செய்தும் எனக்குக் கோபம் தீராது, அது வேறு.

தம்பி ஆர்டர் போட்டுவிட்டான். வியாழக்கிழமை பெட்டிகள் வருகின்றன. ஞாயிற்றுக்கிழமை நான் போகிறேன், மல்டிமீட்டர் எடுத்துக்கொண்டு. திருப்புளி முழுக்க அவன் கையில்தான் இருக்கும். அதற்கு முன்னால் ஒரே ஒரு வேலை சொல்லியிருக்கிறேன்: எஸ்எம்பிஎஸ் பெட்டியைப் பிரித்ததும் மார்க்கர் எடுத்துக் கேபிள் பையின் மேல் அதன் மாடல் பெயரை எழுதிவிட வேண்டும். பிறகுதான் மற்றப் பெட்டிகளில் கை வைக்க வேண்டும்.