ஃபுல் சஸ்பென்ஷன் டேண்டமா, ஹார்ட்டெய்லா? பின் சீட்டில் இருப்பவரைக் கேட்டு வாங்குங்கள்

டேண்டம் என்றால் நம் மட்டக்களப்புப் பக்கத்தில் பலருக்கும் பாசிக்குடாவில் உல்லாசப் பயணிகள் மிதித்துத் திரியும் இரண்டு சீட் சைக்கிள்தான் நினைவுக்கு வரும். நான் சொல்லப்போவது அது இல்லை. கிறவல் ரோடு, குளக்கட்டு, வயல் வட்டைக்குள் போகும் உழவு இயந்திரத் தடம், பாறை, பனை வேர் என்று எல்லாவற்றிலும் இரண்டு பேர் சேர்ந்து மிதித்துப் போகக்கூடிய மலைச் சைக்கிள். இதில் முன் போர்க்கில் மட்டும் சஸ்பென்ஷன் வைத்து, பின்பக்கம் இறுக்கமான பிரேமோடு வருவதை ஹார்ட்டெய்ல் என்பார்கள். பின் சில்லுக்கும் தனியாக சொக் எப்சோபர் இருந்தால் ஃபுல் சஸ்பென்ஷன். ஆளுக்கொரு சைக்கிள் வாங்கிக்கொள்வதும் ஒரு வழிதான், அதையும் பிறகு சொல்கிறேன்.

எங்கள் வீட்டில் தம்பிக்குக் கண் பார்வை மிகக் குறைவு. வெளிச்சமும் நிழலும் தெரியும், குழி தெரியாது. மிதிப்பதில் என்னைவிடப் பலம் உள்ளவன். சுவிஸில் இருக்கும் மச்சான் மூலமாக முதலில் ஒரு பழைய ஹார்ட்டெய்ல் டேண்டம் வந்தது. அதை மாரியிலும் கச்சான் காற்றுக் காலத்திலும் நன்றாக ஓடிய பிறகுதான் ஃபுல் சஸ்பென்ஷனுக்கு மாறினோம். ஆகவே நான் எந்தப் பக்கம் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன், ஃபுல் சஸ்பென்ஷன் பக்கம்தான்.

விலை, பாரம் எல்லாம் யாருக்கும் தெரிந்த கதைதான். ஃபுல் சஸ்பென்ஷன் விலை கூட, ஏறத்தாழ 20 கிலோ வரும், ஹார்ட்டெய்ல் அதைவிட ஓரிரு கிலோ குறையும். அமெரிக்காவில் வென்டானா, எல்ஸ்வொர்த் போன்ற சிறிய கம்பனிகள் ஃபுல் சஸ்பென்ஷன் டேண்டம் செய்திருக்கின்றன, கெனன்டேல் கம்பனியின் மலை டேண்டத்தில் பின் சஸ்பென்ஷன் இல்லை. புதிதாக எடுத்தால் அங்கேயே பல ஆயிரம் டொலர் போகும். நமக்கு வாய்ப்பது பெரும்பாலும் வெளிநாட்டில் யாரோ ஓடிவிட்டு விற்கும் பழையதுதான், திரும்ப விற்க இங்கே சந்தையும் இல்லை. எதை வாங்கினாலும் நீண்ட காலம் வைத்திருப்போம் என்ற எண்ணத்தோடு வாங்க வேண்டும்.

சரி, விஷயத்துக்கு வருவோம். இந்த இரண்டில் எது என்று முடிவு செய்ய வேண்டியது பின் சீட்டில் இருப்பவரின் முதுகு. முன்னால் இருப்பவர் ஓடிப் பார்த்து "பரவாயில்லை, நல்லாத்தான் போகுது" என்று சொல்லி வாங்கிவிடுவார், ஏனென்றால் அவருக்கு உண்மையாகவே நல்லாத்தான் இருக்கும். அவர் இருப்பது இரண்டு சில்லுக்கும் நடுவில். பின்னால் இருப்பவர் கிட்டத்தட்ட பின் அச்சுக்கு மேலேயே இருக்கிறார். டேண்டத்தின் இரண்டு சில்லுக்கும் இடையில் சுமார் 1.75 மீற்றர் தூரம். மணிக்கு 15 கிலோமீற்றர் வேகத்தில் போனால் முன் சில்லு விழுந்த குழியில் பின் சில்லு விழ அரை வினாடிகூட எடுக்காது. முன்னால் இருப்பவர் குழியைக் கண்டதும் தன்னை அறியாமலே சீட்டில் இருந்து கொஞ்சம் எழும்பி முழங்கையை மடிப்பார். பின்னால் இருப்பவருக்கு எதிரே தெரிவது முன்னால் இருப்பவரின் முதுகு மட்டும். பார்வை நன்றாக உள்ளவருக்கும் அதே நிலைதான்.

தனிச் சைக்கிளில் நம் கால்களும் முழங்கைகளும்தான் பாதி சஸ்பென்ஷன் வேலையைச் செய்கின்றன. டேண்டத்தின் பின் சீட்டில் அது நடக்காது. பெடல்கள் இரண்டும் ஒரே செயினில் கட்டுப்பட்டவை, நினைத்த நேரத்தில் தனியாக எழும்பவோ மிதிப்பை நிறுத்தவோ முடியாது. அதனால் அடி முழுவதும் சில்லில் இருந்து பிரேம், பிரேமில் இருந்து சீட், சீட்டில் இருந்து நேரே முதுகெலும்பு என்று போகிறது.

வலையிறவுப் பாலம் தாண்டி வவுணதீவு, ஆயித்தியமலை வழியாக உன்னிச்சைக் குளத்துப் பக்கம் போகிறவர்களுக்கு நான் சொல்வது நன்றாக விளங்கும். பெரும்போக வெட்டு முடிந்து வெட்டுமெசின் இறங்கி ஏறிய இடங்களில் அதன் சங்கிலித் தடம் ஈரக் களியில் பதிந்து, பங்குனி வெயிலில் கல்லாக இறுகிக் கிடக்கும். ஒரு சாண் இடைவெளியில் வரிசையாக வரம்பு வரம்பாக, அதற்கு நடுவே எருமைக் குளம்பு இறங்கிய ஆழமான துளைகள். ஒற்றைக் குழி என்றால் "மேடு" என்று நான் கத்த, தம்பி பெடலில் பாரத்தைக் கொடுத்து எழும்பிக்கொள்வான். இந்தத் தடத்தில் எத்தனை தரம் கத்துவது? ஹார்ட்டெய்லில் அந்தத் துண்டைக் கடக்கும்போது அவன் பேச்சை நிறுத்திவிடுவான், பல்லைக் கடித்துக்கொண்டு வருகிறான் என்று எனக்குத் தெரியும். ஃபுல் சஸ்பென்ஷனில் முதன்முதலாக அதே தடத்தில் போனபோது பின்னால் இருந்து, "சில்லு விழுற சத்தம் கேக்குது அண்ணன், ஆனா முதுகில படல்ல" என்றான்.

ஹார்ட்டெய்ல் வைத்திருப்பவர்கள் இதற்கு ஒரு பதில் சொல்வார்கள். பின் சீட்டுக்கு மட்டும் சஸ்பென்ஷன் உள்ள சீட் கம்பி போட்டால் போதும் என்பார்கள். தட்பஸ்டர் என்று ஒன்று இருக்கிறது, நாங்களும் ஹார்ட்டெய்லில் அதைப் போட்டே ஓடினோம். நல்ல சாமான், மறுக்கவில்லை. ஆனால் அது காப்பாற்றுவது சீட்டில் இருக்கும் பகுதியை மட்டும். கைப்பிடிக்கும் பெடலுக்கும் வரும் அதிர்வு அப்படியே வரும். அது போக, சீட் அமுங்கி எழும்பும்போது சீட்டுக்கும் பெடலுக்கும் உள்ள தூரம் மாறிக்கொண்டே இருப்பதால், விடாமல் மிதிக்கிறவருக்கு முழங்கால் உளையும். ஃபுல் சஸ்பென்ஷனில் சீட், பெடல், கைப்பிடி மூன்றும் ஒரே பிரேமில் ஒன்றாக மிதக்கின்றன, அசைவது பின் சில்லைப் பிடித்திருக்கும் முக்கோணம் மட்டும்தான். இரண்டு பெடலும் முன் பிரேமிலேயே இருப்பதால் அவற்றை இணைக்கும் இடப்பக்கச் செயினுக்கும் எந்த இழுபறியும் இல்லை.

இதோடு சேர்ந்து வரும் இன்னொரு இலாபம் சில்லுக்கு. எங்கள் இரண்டு பேர் பாரமும் சைக்கிளும் சேர்ந்தால் 160 கிலோவுக்குக் கிட்ட வரும். ஹார்ட்டெய்லில் அந்தப் பாரத்தோடு பின் சில்லு கல்லில் மோதும்போது விட்டுக்கொடுக்க ஒன்றும் இல்லை, எங்களுக்குப் பின் சில்லின் கியர் பக்கத்துக் கம்பிகள் அடிக்கடி அறுந்தன. ரிம் அடிபடாமல் இருக்க டயருக்குக் காற்றையும் கூட்டி அடிக்க வேண்டியிருந்தது, அப்படி அடித்தால் மணலில் புதையும். ஃபுல் சஸ்பென்ஷனில் 2.4 அங்குல டயரில் காற்றைக் கொஞ்சம் குறைத்து ஓட முடிகிறது, கம்பி அறுவதும் வெகுவாகக் குறைந்துவிட்டது.

ஃபுல் சஸ்பென்ஷனின் குறைகளையும் சொல்ல வேண்டும். ஆட்கள் ஏறியதும் பிரேம் சற்றுக் கீழே இறங்குவதால் பெடல் நிலத்துக்குக் கிட்ட வருகிறது, ஆழமான தடத்துக்குள் போகும்போது பெடல் கரையில் தட்டும். ஆகவே இரண்டு பேர் பெடலும் ஒரே நிலையில் இருக்கும்படி பூட்டிக்கொள்ளுங்கள், தடம் வந்ததும் இரண்டையும் சமமாகப் பிடித்துக்கொண்டு உருண்டு போய்விடலாம். அடுத்தது சொக் எப்சோபரின் காற்று. ஒரு ஆளுக்கான சைக்கிளில் வரும் சொக்கை அப்படியே கழற்றி இதில் பூட்டக்கூடாது, இரண்டு பேர் பாரத்துக்கு அது தாங்கக்கூடிய உச்சக் காற்றழுத்தமே போதாமல் போகலாம். இரண்டு பேரும் ஏறி அசையாமல் இருக்கும்போது சொக்கின் தண்டு மொத்த ஓட்டத்தில் 25 முதல் 30 வீதம் அமுங்க வேண்டும். 50 மில்லிமீற்றர் ஓட்டம் என்றால் 12.5 முதல் 15 மில்லிமீற்றர். தண்டில் இருக்கும் ரப்பர் வளையத்தைத் தள்ளிவைத்துவிட்டு ஏறி இறங்கினால் தெரிந்துவிடும். சாதாரண பம்ப் இதற்குச் சரிவராது, சொக்குக்கென்று உள்ள சிறிய பம்ப் வேண்டும்.

பராமரிப்பைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் அதிகம். அசையும் மூட்டுகளில் இருக்கும் பெயாரிங்கை உப்புக் காற்றும் மணலும் தின்னும் என்பது உண்மைதான். ஆனால் அவை பெரும்பாலும் எல்லா இடத்திலும் கிடைக்கும் அளவுகள். பெயாரிங் விளிம்பிலேயே இலக்கம் பொறித்திருக்கும், 6902 என்றால் உள்விட்டம் 15, வெளிவிட்டம் 28, அகலம் 7 மில்லிமீற்றர். அந்த இலக்கத்தைச் சொல்லி பெயாரிங் விற்கும் கடையில் வாங்கலாம், சைக்கிள் கடையே தேவையில்லை. கிடைக்காதது சொக்கின் உள் சீல். அதை சைக்கிளோடு சேர்த்தே வெளிநாட்டில் இருந்து எடுத்து வையுங்கள். கடற்கரைப் பக்கம் போய் வந்தால் கிணற்றுத் தண்ணீரை வாளியில் அள்ளி மெதுவாக ஊற்றிக் கழுவினால் போதும், வாகனம் கழுவும் பிரஷர் பம்ப் பெயாரிங்குக்குள் தண்ணீரை ஏற்றிவிடும். இடப்பக்கச் செயின் எந்த டேண்டத்திலும் மணலில் நீளும். முன் பெடல் அச்சைச் சுற்றி இறுக்க வழி இருக்கிறது, அதற்கான அலன் சாவி எப்போதும் பையில் இருக்கட்டும்.

ஹார்ட்டெய்ல் யாருக்கு நல்லது என்றால், தார் ரோட்டிலும் நல்ல கிறவலிலும் தூரப் பயணம் போகிறவர்களுக்கு. மண்முனைப் பாலம் ஏறி கொக்கட்டிச்சோலைக்குப் போய் வர ஹார்ட்டெய்ல் தாராளமாகப் போதும், மிதிக்கிற பலம் சிந்தாமல் சில்லுக்குப் போகும். ஆனால் பாணமையில் இருந்து உகந்தைப் பக்கம் போகும் மண் ரோட்டில் போகத்தான் ஆசை என்றால் பின்னால் இருப்பவரை நினைத்துப் பாருங்கள். இரண்டு பேருக்கும் கண் தெரியும், வேகமும் ஒன்றுதான் என்றால் ஆளுக்கொரு மலைச் சைக்கிளே மலிவு, திருப்பவும் தூக்கவும் சுகம். இரண்டு பேரின் பலத்தில் பெரிய வித்தியாசம் இருந்தால் அப்போதுதான் டேண்டத்தின் அருமை தெரியும், ஒருவர் முன்னே போய்க் காத்திருக்கிற கதையே இல்லை. ஆழமான கடற்கரை மணலில் மட்டும் எந்த டேண்டமும் ஓடாது, இறங்கித் தள்ள வேண்டியதுதான்.

ஓடும்போது பேச்சு முக்கியம். நாங்கள் "மேடு", "விடு", "கியர்" என்று மூன்று சொல் வைத்திருக்கிறோம். விடு என்றால் மிதிப்பை நிறுத்துவது, கியர் என்றால் ஒரு கணம் பாரத்தைக் குறைப்பது. முன்னால் இருப்பவர் இரண்டு காலையும் ஊன்றி சைக்கிளைப் பிடித்துக்கொள்ள, பின்னால் இருப்பவர் முதலில் ஏறிக்கொள்வதுதான் சரியான முறை. திருப்பத்துக்கு இடம் நிறைய வேண்டும், ஒடுங்கிய குளக்கட்டில் இறங்கித் தூக்கித்தான் திருப்பலாம். ஆகவே யானை நடமாடும் பக்கங்களில், உன்னிச்சை ஆனாலும் சரி லாகுகல ஆனாலும் சரி, வெயில் நன்றாக ஏறிய பிறகு போய் பின்னேரம் நான்கு மணிக்கு முன் தார் ரோட்டுக்கு வந்துவிடுங்கள். யானையைக் கண்டால் தனிச் சைக்கிள்காரன் திருப்பிக்கொண்டு ஓடுவான், டேண்டத்தில் அது நடக்காது.

நாங்கள் ஓடியதெல்லாம் சமநிலமும் குளக்கட்டு ஏற்றமும் சின்னப் பாறை இறக்கமும்தான். பதுளைப் பக்கம் போல நீண்ட இறக்கத்தில் 160 கிலோவோடு இறங்கும்போது பிரேக் எப்படிச் சூடேறும் என்பதை என் அனுபவத்தில் இருந்து சொல்ல முடியாது. ஆனாலும் 203 மில்லிமீற்றர் டிஸ்க் இல்லாத மலை டேண்டத்தை வாங்க வேண்டாம் என்றே சொல்வேன். ஸ்பிரிங் சொக் காற்றுச் சொக்கைவிட நம் உப்புக் காற்றுக்கு நின்றுபிடிக்கும் என்று நினைக்கிறேன், அதை ஓடிப் பார்த்தவர்கள் சொன்னால்தான் உறுதி.

பழையது வாங்கும்போது வெளிநாட்டில் இருப்பவரிடம் படத்தை மட்டும் கேட்காதீர்கள். பின் முக்கோணத்தைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டி வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், ஆட்டம் இருந்தால் பெயாரிங் போய்விட்டது, அதற்கு விலையைக் குறைக்கலாம். மூட்டுப் பக்கம் பிரேமில் வெடிப்பு இருந்தால் வேண்டாம் என்று விட்டுவிடுங்கள். பின் ஹப்பின் அகலத்தையும் அளந்து எழுதி வாங்குங்கள். டேண்டத்துக்கு 145, 150 மில்லிமீற்றர் என்று சாதாரண சைக்கிளில் இல்லாத அளவுகள் வரும், அந்த ஹப் இங்கே வாங்க முடியாது. சீல், பிரேக் பேட், பின் கியர் தொங்கும் ஹாங்கர் எல்லாம் இரண்டிரண்டாக அதே பெட்டிக்குள் வைத்து அனுப்பச் சொல்லுங்கள்.