கோடையில் வரும் வருமானம், ஏப்ரலிலேயே கேட்கும் வரி: எந்தக் கணக்கு நமக்கு ஒத்துவரும்?

கலிஃபோர்னியாவில் பரதநாட்டிய வகுப்பு நடத்துகிறேன். மாதக் கட்டணம் சிறுகச் சிறுக வரும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை அரங்கேற்றங்கள் அடுத்தடுத்து நடக்கும்போதுதான் பெரிய தொகை கைக்கு வரும். வரி அதுவரை பொறுத்திருப்பதில்லை. சம்பளக்காரர்களுக்கு நிறுவனமே வரியைப் பிடித்துக் கட்டிவிடுகிறது. சுயதொழில் செய்பவர்கள் ஏப்ரல் 15, ஜூன் 15, செப்டம்பர் 15, அடுத்த ஆண்டு ஜனவரி 15 ஆகிய நாள்களில் தாமே மதிப்பிட்டுக் கட்ட வேண்டும். காலாண்டுத் தவணை என்று பெயர் இருந்தாலும், முதல் தவணைக்கும் இரண்டாவதற்கும் நடுவே இரண்டே மாதம்தான்.

எவ்வளவு கட்டுவது என்பதற்கு ஃபெடரல் சட்டம், அதாவது அமெரிக்க மத்திய அரசின் சட்டம், மூன்று வழிகளைத் தருகிறது. மூன்றையும் நான் பின்பற்றிப் பார்த்திருக்கிறேன்.

முதல் வழி, போன ஆண்டின் வரியைப் பிடித்துக்கொள்வது. போன ஆண்டு வரிக்கணக்கைத் தாக்கல் செய்த 1040 படிவத்தில் 24-ஆம் வரிசையில் இருக்கும் மொத்த வரியை நான்காகப் பிரித்துக் கட்டினால் போதும். இந்த ஆண்டு எவ்வளவு சம்பாதித்தாலும், தவணையில் குறைவாகக் கட்டியதற்கான தண்டம் கிடையாது. போன ஆண்டு வருமானம் 1,50,000 டாலரைத் தாண்டியிருந்தால் மட்டும் 110 சதவீதம் கட்ட வேண்டும். இதில் ஊகத்துக்கே இடமில்லை. 24-ஆம் வரிசையில் 12,000 இருந்தால் தவணைக்கு 3,000, அவ்வளவுதான். ஆனால் இது காப்பாற்றுவது தண்டத்திலிருந்து மட்டுமே. இந்த ஆண்டின் உண்மையான வரி 15,000 ஆகிவிட்டால், மீதி 3,000 டாலரை அடுத்த ஆண்டு ஏப்ரலில் மொத்தமாகக் கட்டியாக வேண்டும். இதை மறந்து பணத்தைச் செலவழித்துவிட்டுத் தவிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அரங்கேற்றத் தொகை வந்த அன்றே அதில் 30 சதவீதத்தைத் தனிச் சேமிப்புக் கணக்குக்கு மாற்றிவிடுவது என் வழக்கம்.

இரண்டாவது வழி, இந்த ஆண்டு வரவேண்டிய வரியை நாமே மதிப்பிட்டு அதில் 90 சதவீதத்தைக் கட்டுவது. இங்கே பலர் சறுக்குவது சுயதொழில் வரியில்தான். வருமான வரிக்கு மேல் தனியாக வரும் இந்த வரி, நிகர லாபத்தில் 92.35 சதவீதத்தின் மீது 15.3 சதவீதம். செலவு போக 54,000 டாலர் நின்றால் இது மட்டுமே சுமார் 7,630 டாலர். வருமான வரி அட்டவணையை மட்டும் பார்த்து மதிப்பிடுபவர்கள் இந்தத் தொகையை அப்படியே விட்டுவிடுகிறார்கள். ஏறுமுகமான ஆண்டில் இந்த வழியை நான் நம்பமாட்டேன். வருமானம் விழுந்த ஆண்டில் இதைவிட நல்லது வேறில்லை. 2020-ல் அரங்கேற்றங்கள் நின்றுபோயின. அந்த ஆண்டு ஏப்ரல், ஜூன் தவணைகளை ஜூலை 15 வரை தள்ளிவைத்தார்கள் என்றாலும், 2019-ன் வரியைக் கணக்காக வைத்துக் கட்டியிருந்தால் வராத பணத்துக்கு வரி கட்டியதாக ஆகியிருக்கும்.

மூன்றாவது, வருமானம் வர வர அதற்கேற்பக் கட்டும் முறை. கேட்டதும் எங்கள் தொழிலுக்காகவே செய்ததுபோல் இருக்கும். மாதம் 3,000 வீதம் மே வரை நிகரமாக 15,000 வந்தால், ஐந்து மாதத்தைப் பன்னிரண்டாக்க அதை 2.4-ஆல் பெருக்கி ஆண்டு வருமானம் 36,000 என்று எடுத்துக்கொள்கிறார்கள். அதனால் முதல் இரண்டு தவணைகள் சிறியவை. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை 27,000 வந்துவிட்டால் மொத்தம் 42,000. இப்போது 1.5-ஆல் பெருக்குவார்கள்: 63,000! ஆண்டு முடிவில் நான் சம்பாதிப்பதோ 54,000தான். எனவே செப்டம்பர் தவணை திடீரென்று வீங்கிவிடும். அப்போது கையில் பணம் இருக்கும் என்பதால் அது சிரமமில்லை. சிரமம் வேறு இடத்தில் இருக்கிறது. ஒவ்வொரு காலப்பகுதிக்கும் வரவு செலவைத் தனியாக முடித்து, தண்டத்தைக் கணக்கிடும் 2210 படிவத்தின் துணை அட்டவணையை நிரப்பித் தாக்கல் செய்ய வேண்டும். இரண்டு ஆண்டு செய்தேன். 2025-ல் தண்டத்துக்கான வட்டி ஆண்டுக்கு 7 சதவீதம். 1,000 டாலர் ஓராண்டு முழுவதும் பாக்கி நின்றாலே 70 டாலர்தான். அதை மிச்சப்படுத்த இத்தனை இரவுகள் விழித்திருக்க வேண்டுமா என்று யோசித்து விட்டுவிட்டேன். வருமானத்தின் பெரும்பகுதி கடைசி நான்கு மாதங்களில் வருபவர்களுக்கு இந்த உழைப்பு வீண்போகாது.

இதெல்லாம் ஃபெடரல் கதை. மாநிலம் என்று வந்தால் கலிஃபோர்னியாவின் போக்கே தனி. நான்கு சமபங்கு இங்கே கிடையாது. ஏப்ரலில் 30 சதவீதம், ஜூனில் 40, செப்டம்பரில் எதுவுமில்லை, ஜனவரியில் 30. அரங்கேற்றப் பணம் வருவதற்கு முன்பே 70 சதவீதம் கேட்கிறார்கள். முதலாண்டு இது தெரியாமல் மாநில வரியையும் நான்காகப் பிரித்துக் கட்டினேன். ஆண்டு மொத்தம் சரியாக இருந்தும் தண்டம் வந்தது, ஏனென்றால் குறைவை ஒவ்வொரு தவணைக்கும் தனித்தனியாகத்தான் பார்க்கிறார்கள். இப்போது என் கணக்கு நோட்டில் ஒரு பக்கத்தை நடுவே கோடிட்டு வைத்திருக்கிறேன். இடப்பக்கம் ஃபெடரல்: 3,000, 3,000, 3,000, 3,000. வலப்பக்கம் மாநிலம்: 900, 1,200, 0, 900. அந்தப் பூஜ்யத்தைச் சிவப்பு மையில் வட்டமிட்டிருக்கிறேன். மற்ற மாநிலங்களில் இந்தத் தொல்லை குறைவு. நியூ ஜெர்சியில் நான்கும் சமம். வர்ஜீனியாவில் முதல் தவணை மே 1. டெக்சாஸிலும் ஃபுளோரிடாவிலும் மாநில வருமான வரியே இல்லை.

வீட்டில் ஒருவர் சம்பளக்காரராக இருந்து இருவரும் சேர்ந்து தாக்கல் செய்தால், இந்த மூன்றையும்விட எளிய வழி ஒன்று உண்டு. சம்பளத்தில் எவ்வளவு வரி பிடிக்க வேண்டும் என்று நிறுவனத்துக்குச் சொல்லும் அவருடைய டபிள்யூ-4 படிவத்தில், கூடுதலாகப் பிடிக்கச் சொல்லிவிடலாம். சம்பளத்தில் பிடித்த ஃபெடரல் வரி எந்த மாதத்தில் பிடித்ததாக இருந்தாலும் ஆண்டு முழுவதும் சமமாகக் கட்டியதாகவே கொள்ளப்படும். ஏப்ரலில் விட்ட குறையை அக்டோபர், நவம்பர் சம்பளத்தில் சரிசெய்துவிடலாம். நாமே கட்டும் தவணைக்கு இந்தச் சலுகை இல்லை.

என் கணவரும் இப்போது சொந்தத் தொழிலுக்கு வந்துவிட்டதால் அந்த வழி எங்களுக்கு அடைபட்டுவிட்டது. போன ஆண்டு வரியையே பிடித்துக்கொண்டிருக்கிறேன். ஜூன் 15-க்கான 1,200 டாலரை மட்டும் பிப்ரவரியிலிருந்தே மாதம் 300 வீதம் எடுத்துவைக்கிறேன்.