மாசம் ஐயாயிரம்: நகைச் சீட்டா, ஏலச் சீட்டா, ஆர்.டி.யா?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மைனி (அண்ணன் மனைவி) வந்து மூன்று காகிதங்களை என் முன்னால் வைத்தார். ஒன்று டவுன் ரத வீதி நகைக்கடையின் வழவழ நோட்டீஸ். இன்னொன்று, சீட்டுக் கம்பெனி ஏஜெண்ட் காலண்டர் தாளின் பின்பக்கம் பேனாவில் போட்டுக் கொடுத்த கணக்கு. மூன்றாவதில் போஸ்ட் ஆபீஸ் ஆர்.டி. (மாதாமாதம் ஒரே தொகை கட்டும் சேமிப்பு) பிடிக்கும் அக்காவின் போன் நம்பர் மட்டும் இருந்தது.

"மாசம் அஞ்சாயிரம் எடுத்து வைக்க முடியும் தம்பி. எதுல போடட்டும்?"

மைனிக்கு வண்ணார்பேட்டை ஜவுளிக்கடை ஒன்றில் வேலை. அண்ணன் லோடு ஆட்டோ ஓட்டுகிறான். மகள் இந்த வருஷம் பத்தாம் வகுப்பு. இன்னும் மூன்று வருஷத்தில் காலேஜ் ஃபீஸ் வரும். அதற்கு நடுவே மகளுக்கு இரண்டு பவுனில் ஒரு செயின் எடுத்து வைத்துவிட வேண்டும் என்பதும் மைனியின் ஆசை. இந்த இரண்டையும் முதலிலேயே சொல்லிவிட்டதால் என் வேலை பாதி முடிந்தது. எதற்கு, எப்போது என்று சொல்லாமல் "எதுல வட்டி கூட?" என்று கேட்பவர்களுக்கு என்னிடம் பதில் கிடையாது.

நகைச் சீட்டில் இருந்து ஆரம்பிக்கிறேன். மைனியின் கண் அதில்தான் இருந்தது.

பெரும்பாலான கடைகளில் 11 தவணைதான், கவனித்திருப்பீர்கள். அதற்குக் காரணம் உண்டு. பொருள் தருவதாகச் சொல்லி ஒரு கம்பெனி வாங்கும் முன்பணத்துக்கு 365 நாளுக்குள் பொருளைக் கொடுத்துக் கணக்கை முடித்துவிட வேண்டும் என்பது 2014-ஆம் வருஷ டெபாசிட் விதி. அதைத் தாண்டினால் அந்தப் பணம் டெபாசிட் ஆகிவிடும், டெபாசிட் வாங்குவதற்கான கட்டுப்பாடெல்லாம் வந்து சேரும். ஆக, நாம் அங்கே கட்டுவது சட்டத்தின் கண்ணில் சேமிப்பே இல்லை, நகைக்குக் கொடுத்த அட்வான்ஸ். கடைக்கு ஏதாவது ஆனால் பேங்க் டெபாசிட்டுக்கு இருக்கும் இன்சூரன்ஸ் இதற்குக் கிடையாது. கடன் கொடுத்தவர்களின் வரிசையில் நாமும் ஒரு ஆளாக நிற்க வேண்டும்.

லாபம் இருக்கிறதா என்றால், இருக்கிறது. நோட்டீஸில் 'சேதாரம் இல்லை' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தான். மாதம் 5,000, 11 மாதத்தில் 55,000. சேதாரம் 14 சதவீதம் உள்ள ஒரு செயினை எடுத்துக்கொள்வோம். சீட்டு இல்லாமல் 55,000 ரூபாயோடு போனால், சேதாரமும் 3 சதவீத ஜி.எஸ்.டி.யும் போகத் தங்கமாகக் கைக்கு வருவது சுமார் 46,840 ரூபாய்க்குத்தான். சீட்டில் சேதாரம் தள்ளுபடி என்றால் 53,400 ரூபாய்க்குத் தங்கம் வரும். ஆறாயிரத்து ஐந்நூறு ரூபாய் வித்தியாசம். ஒரு வருஷத்துக்குள் இவ்வளவு எந்த ஆர்.டி.யும் தராது.

சரி, அப்புறம் என்ன தயக்கம்? அந்த 14 சதவீதத்தில்தான். சேதாரம் கடையே போடும் கணக்கு. வேலைப்பாடு அதிகமுள்ள ஆரத்துக்கு அது கூடும், சாதா வளையலுக்கும் மோதிரத்துக்கும் குறையும். சேதாரம் குறைவான நகையை எடுத்தால் தள்ளுபடியும் அவ்வளவுக்குத்தான். 'இத்தனை சதவீதம் வரை' என்று நோட்டீஸின் அடியில் பொடி எழுத்தில் ஒரு உச்சவரம்பு இருந்தால் அதற்கு மேலே உள்ளதை நாம்தான் கட்ட வேண்டும். இன்னொன்று, 55,000-க்குச் சரியாக நகை அமையாது. விற்பனையாளர் தட்டில் எடுத்து வைப்பது எப்போதுமே அதைவிட இரண்டு கிராம் கூடுதலாகத்தான் இருக்கும். அந்த இரண்டு கிராமுக்கு முழுச் சேதாரம்.

இதில் பணக் கணக்கு, கிராம் கணக்கு என்று இரண்டு வகை உண்டு. பணக் கணக்கில் 11 மாதம் கழித்து அன்றைய விலைக்கு நகை. கிராம் கணக்கில் கட்டும் நாளின் விலைக்கு அந்த மாதமே எடை வரவாகிவிடும். நகைதான் வேண்டும் என்று முடிவு செய்துவிட்டவர் கிராம் கணக்கையே கேட்டு வாங்குவது நல்லது. விலை ஏறும்போது பணக் கணக்குக்காரர் சேர்த்த பணம் சுருங்கிக்கொண்டே போகும். விலை இறங்கினால் கிராம்காரருக்குக் கொஞ்சம் வலிக்கும். 2024 ஜூலை பட்ஜெட்டில் இறக்குமதி வரியை 15-லிருந்து 6 சதவீதமாகக் குறைத்தபோது ஒரே நாளில் விலை சரிந்தது. அதற்கு முந்தைய வாரம் தவணை கட்டியவர்கள் புலம்பினார்கள். ஆனால் அது ஒரு தவணைக்கான புலம்பல்தானே.

நகையை வாங்கும்போது ஒவ்வொரு நகைக்கும் தனித்தனியாகத் தரும் ஆறு இலக்க அடையாளமான ஹெச்.யு.ஐ.டி. எண் பொறித்திருக்கிறதா என்று பாருங்கள். 2023 ஏப்ரல் 1 முதல் அது இல்லாமல் ஹால்மார்க் நகை விற்கக் கூடாது. பி.ஐ.எஸ். கேர் என்ற செயலியில் அந்த எண்ணைப் போட்டால் நகையின் விவரம் வந்துவிடும்.

இனி ஏலச் சீட்டு. எல்லோரும் மாதாமாதம் கட்டுவார்கள், சேரும் தொகையில் யார் அதிகம் விட்டுக்கொடுக்கிறாரோ அவருக்கு அந்த மாதச் சீட்டு. திருநெல்வேலிச் சீமையில் இதைப் பற்றி ஆளுக்கொரு கதை இருக்கும். அதனாலேயே கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

ஏஜெண்ட் எழுதிக் கொடுத்தது ஒரு லட்ச ரூபாய்ச் சீட்டு. 20 பேர், 20 மாதம், ஆளுக்கு 5,000. 'முதல் மாசமே எடுத்தா கையில 70,000' என்று எழுதி அடிக்கோடு போட்டிருந்தார். அதாவது 30,000 தள்ளு, சீட்டை முன்னாலேயே எடுப்பதற்காக விட்டுக்கொடுக்கும் தொகை. அதில் 5,000 கம்பெனி கமிஷன், மீதி 25,000 இருபது பேருக்கும் பிரிந்து ஆளுக்கு 1,250 கழிவு. அந்த மாதம் எல்லோரும் கட்டுவது 3,750 மட்டும். போகப் போக அவசரக்காரர்கள் குறைவார்கள், தள்ளும் குறையும். ஒரே சீராகக் குறைந்து கடைசி மாதம் வெறும் கமிஷனில் வந்து நிற்கிறது என்று வைத்துக் கணக்குப் போட்டேன். ஒவ்வொருவரும் மொத்தமாகக் கட்டுவது 87,500.

கடைசிச் சீட்டு எடுப்பவருக்கு 95,000 வரும். 7,500 லாபம். பணம் கட்டக் கட்டத்தான் சேர்கிறது என்பதால், வட்டியாகப் பார்த்தால் ஆண்டுக்குச் சுமார் 11 சதவீதம். இது நல்ல வருமானம், மறுக்கவில்லை.

முதல் மாதம் எடுத்தவர்? 70,000 வாங்கி 87,500 கட்டுகிறார். மாதம் நூற்றுக்கு இரண்டேகால் ரூபாய்க்கு மேல் வட்டி. ஏஜெண்ட் அடிக்கோடு போட்டது இந்த வரியைத்தான் என்பதைக் கவனியுங்கள். கடைசியில் எடுப்பவருக்கு வரும் 11 சதவீதம், முதலில் எடுப்பவர்களின் அவசரத்தில் இருந்து வருகிறது. மைனிக்கு நடுவில் ஒரு ஆஸ்பத்திரிச் செலவு வந்து எட்டாவது மாதமே கேட்டு எடுத்துவிட்டால் சேமிக்க வந்தவர் கடன்காரராகிவிடுவார். எடுத்த பிறகு ஜாமீனுக்கு ஆள் தேட வேண்டும். சம்பளக்காரர் இரண்டு பேரைக் கூட்டிவரச் சொல்வார்கள். அண்ணன் யாரிடம் போய் நிற்பான்?

தொழில் செய்கிறவருக்கு இது வேறு மாதிரி. கடைக்குச் சரக்கு எடுக்க வேண்டிய மாதத்தில் சீட்டை எடுத்து, அந்தச் சரக்கிலேயே தள்ளை ஈடுகட்டிவிடுவார். மேலப்பாளையத்தில் எனக்குத் தெரிந்த ஒரு கடைக்காரர் பேங்க் பக்கமே போகாமல் சீட்டிலேயே கடையை நடத்துகிறார். மாதச் சம்பளக்காரருக்கு அந்த வழி இல்லை.

பதிவு செய்த சீட்டு என்றால் 1982-ஆம் வருஷச் சீட்டு நிதிச் சட்டம் காவலுக்கு இருக்கிறது. நடத்துபவர் ஒரு சீட்டின் முழுத் தொகைக்கும் பதிவாளரிடம் ஈடு காட்ட வேண்டும். கமிஷனுக்கு உச்சவரம்பு உண்டு. முன்பு 5 சதவீதம், 2019 திருத்தத்துக்குப் பிறகு 7. ஏஜெண்டின் கணக்கில் இருந்தது 5. ஏழு எடுத்தால் கடைசிச் சீட்டு 93,000-க்கு இறங்கிவிடும், மாதாமாதம் வரும் கழிவும் குறையும். கமிஷனுக்கு ஜி.எஸ்.டி. தனி. ஒப்பந்த நகலையும் பதிவு எண்ணையும் கேளுங்கள், தரத் தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள். செங்கோட்டையைத் தாண்டினால் கேரளத்தில் 1969-லிருந்து அரசு நிறுவனமே சீட்டு நடத்துகிறது. அதைப் பார்த்து எனக்குக் கொஞ்சம் பொறாமைதான்.

தெருவில் பிடிக்கும் சீட்டுக்கு இந்தக் காவல் எதுவும் கிடையாது. நான் பள்ளிக்கூடம் போகும்போது எங்கள் தெருவில் ஒரு அக்கா சீட்டுப் பிடித்தார். நல்லவர். இன்றைக்கும் அவரைத் திட்ட எனக்கு மனம் வராது. முதலில் எடுத்த இரண்டு பேர் கட்டாமல் நின்றுவிட்டார்கள், அவரால் சமாளிக்க முடியவில்லை. அம்மாவுக்குச் சேர வேண்டியதை ஐந்நூறும் முந்நூறுமாக நாலு வருஷம் கொடுத்தார். கடைசியில் மிச்சத்துக்கு ஒரு பித்தளை அண்டாவைத் தலையில் சுமந்து கொண்டுவந்து திண்ணையில் இறக்கி வைத்துவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் போனார். அண்டா எங்கள் மச்சில் கிடக்கிறது. அம்மா அதை விற்கவும் விடவில்லை, புழங்கவும் இல்லை. சீட்டுப் பிடிப்பவர் ஓடிப்போனால்தான் பணம் போகும் என்றில்லை.

தீபாவளிப் பலகாரச் சீட்டும் இந்த ரகம்தான். மாதம் இருநூறு முந்நூறு என்றால் நான் குறுக்கே நிற்க மாட்டேன்.

கடைசியில் போஸ்ட் ஆபீஸ் ஆர்.டி. மற்ற இரண்டையும் இத்தனை குறை சொன்ன நான் இதைத்தான் கைகாட்டப் போகிறேன் என்று மைனி நினைத்தார். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன்.

ஐந்து வருஷத் திட்டம். வட்டியை 2023 அக்டோபரில் 6.7 சதவீதம் ஆக்கினார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அரசு விகிதத்தைப் பார்க்கும், ஆனால் நாம் தொடங்கிய நாளின் விகிதம் ஐந்து வருஷமும் மாறாது. மாதம் 5,000 கட்டினால் 3 லட்சம் கட்டி 3,56,800 ரூபாய் போல வாங்கலாம். வீட்டுக்கு வந்து வாங்கிப் போகும் மகளிர் முகவருக்குக் கமிஷனை அரசு கொடுக்கிறது, நாம் ஒரு பைசா தர வேண்டாம். பாஸ்புக் மட்டும் நம் வீட்டில் இருக்கட்டும், பதிவு ஆகிறதா என்று மாதாமாதம் பாருங்கள். ஒரு தவணை தவறினால் நூற்றுக்கு ஒரு ரூபாய், அதாவது நமக்கு 50 ரூபாய் அபராதம்.

இடிக்கிற இடம், மைனிக்குப் பணம் மூன்றாவது வருஷம் வேண்டும் என்பது. இந்த ஆர்.டி.யை மூன்று வருஷம் கழித்து முடித்துக்கொள்ளலாம்தான். ஆனால் ஐந்து வருஷத்துக்கு ஒரு நாள் குறைந்தாலும் சேமிப்புக் கணக்கின் 4 சதவீத வட்டிதான். 1,80,000 கட்டி 11,000 போல வட்டி. அதையே ஒரு பேங்கில் 36 மாத ஆர்.டி.யாகப் போட்டு, 6 சதவீதம்தான் கிடைக்கிறது என்று வைத்தாலும் 17,500 வரும். பேங்கில் ஐந்து லட்சம் வரை டெபாசிட் இன்சூரன்ஸும் உண்டு. அந்த ஐந்து லட்சம் ஒரு ஆளுக்கு, ஒரு பேங்குக்கு. ஊர்க் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் போடும் பணத்துக்கு இது பொருந்தாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

போஸ்ட் ஆபீஸை ஒதுக்கிவிடச் சொல்லவில்லை. ஐந்து வருஷம் தொடாமல் இருக்க முடிந்தவருக்கு அது போதும். 12 தவணை கட்டிய பிறகு இருப்பில் பாதி வரை கடன் எடுக்கலாம், ஆர்.டி. வட்டியைவிட 2 சதவீதம்தான் கூடுதல். முதல் மாதச் சீட்டோடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ மேல். சேரன்மகாதேவியில் இருக்கும் பெரியப்பா மாதிரி ஆட்களுக்கும் அது தோது. அவருக்குப் பணம் மாதாமாதம் வராது. கார் அறுப்பில் கொஞ்சம், பிசான அறுப்பில் மொத்தமாக என்று வரும். மாதத் தவணை என்றாலே நழுவுவார். ஆர்.டி.யில் 12 மாதத்தை முன்கூட்டியே மொத்தமாகக் கட்டினால் நூற்றுக்கு 40 ரூபாய் தள்ளுபடி. 5,000 தவணைக்கு 2,000 ரூபாய். பிசான நெல்லை விற்ற கையோடு கட்டிவிட்டு வருஷம் முழுக்க மறந்துவிடுகிறார்.

மைனியிடம் நான் சொன்னது: 3,500 ரூபாயைப் பேங்கில் 36 மாத ஆர்.டி.யாகப் போடுங்கள், சம்பளம் விழும் கணக்கிலிருந்து தானாகவே பிடிக்கச் சொல்லி எழுதிக் கொடுத்துவிடுங்கள். மீதி 1,500-ஐக் கிராம் கணக்கு நகைச் சீட்டில் போடுங்கள். இரண்டு பவுனுக்கு இது போதாது, ஆனால் கடை கைவிட்டாலும் வீடு தாங்கும் அளவு அதுதான். ஏலச் சீட்டு வேண்டாம்.

மைனி இரண்டையும் தொடங்கிவிட்டார். ஏஜெண்டுக்கு போனிலேயே பதில் சொல்லியாகிவிட்டது. இப்போது அவர் கவலையெல்லாம் எதிர்வீட்டு மதினியைப் பற்றித்தான். அந்த அம்மாள் அடுத்த மாதம் புதுச் சீட்டு ஆரம்பிக்கிறார்களாம், மைனி பெயரைக் கேட்காமலேயே நோட்டில் எழுதிவிட்டார்களாம்.