திருமண ஒத்திகைக்குத் தனிக்கட்டணம் கட்டுவோர் கவனத்திற்கு

ஈரோடு, பெருந்துறை, கோபி வட்டாரத்தில் ஆவணி முகூர்த்தங்களுக்கு மண்டபம் பிடித்திருப்பவர்கள், நிகழ்ச்சி ஏற்பாட்டாளர் தரும் கட்டணப் பட்டியலில் ‘முழு ஒத்திகை’ என்றொரு வரியைக் கண்டால், முன்பணம் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

வைகாசியில் நடந்த என் தம்பியின் திருமணத்திற்கு ஒரு நிறுவனத்தை அமர்த்தினோம். மேடை அலங்காரம், ஒலி, ஒளி, எல்இடி திரை ஆகியவை போக, ஒத்திகைக்கென்றே 25,000 ரூபாய் வாங்கினார்கள். வரவேற்பன்று பிற்பகலில் ஒருங்கிணைப்பாளரும் ஒலி, ஒளி ஆட்களும் மண்டபத்திற்கு வந்து, மாலையில் மணமக்கள் மேடையேறுவது முதல் விடியற்காலைச் சீர்கள் எனப்படும் சடங்குகள் வரை அனைத்தையும், அவற்றை முன்னின்று நடத்திவைக்கும் அருமைக்காரரையும் மேளக்காரர்களையும் உடன் வைத்துக்கொண்டு ஒருமுறை நடத்திப் பார்ப்பதாக வாட்ஸ்அப்பில் எழுதியே கொடுத்திருந்தார்கள்.

வந்தவர் ஓர் இளைஞர் மட்டுமே. மேடையில் வண்ண டேப்பால் இரண்டு பெருக்கல் குறிகளை ஒட்டினார். கையோடு கொண்டுவந்த சிறிய ப்ளூடூத் ஸ்பீக்கரில் பாட்டை ஓடவிட்டு, மணமக்களை அந்தக் குறிகள் வரை நடக்கவைத்து வீடியோ எடுத்துக்கொண்டார். சீர்களைப் பற்றிக் கேட்டதற்கு, “அதெல்லாம் உங்க ஆளுங்களே பாத்துக்குவாங்கண்ணா” என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். இதற்காகவே காங்கேயத்திலிருந்து முன்கூட்டியே பேருந்தேறி வந்து காத்திருந்த முதியவரான அருமைக்காரரிடம் அந்த நிறுவனத்தார் இன்றுவரை ஒரு வார்த்தை வருத்தம் தெரிவிக்கவில்லை.

இதன் விளைவு விடியற்காலையில் தெரிந்தது. மணமகனும் அவனுடைய சகோதரியும் சேர்ந்து செய்யும் சடங்கான இணைச்சீருக்கு அக்காவும் தம்பியும் நிற்க வேண்டிய இடத்தை கேமரா கிரேன் அடைத்துக்கொண்டிருந்தது. அதையாவது நகர்த்திவிட்டோம். கம்பர் பாடியதாக வழிவழியாகச் சொல்லப்படும் மங்கல வாழ்த்தைக் குடிமகன் என்று நாங்கள் அழைக்கும் நாவிதர் பாடும்போது, ஒவ்வோர் அடி முடிவிலும் மேளத்தில் ஒரு தட்டு விழும் என்பது நம் பகுதியில் சிறுவர்களுக்கும் தெரியும். இரவில்தான் வந்து சேர்ந்திருந்த புதிய ஒலி ஆபரேட்டர், முதல் தட்டைக் கேட்டதுமே வாழ்த்து முடிந்துவிட்டதாக எண்ணி, சினிமாப் பாட்டை முழுச் சத்தத்தில் போட்டுவிட்டார். அந்தச் சத்தத்தைச் சைகையாக எடுத்துக்கொண்டு மற்றொருவர் மேடையோரப் பூவாணங்களையும் கொளுத்திவிட்டார். பெரியவர்கள் கையமர்த்தி நிறுத்தச் சொல்லியும், ஒலிப்பலகை மண்டபத்தின் கடைக்கோடியில் இருந்ததால் பாட்டு உடனே நிற்கவில்லை. வாழ்த்தை மீண்டும் முதலிலிருந்து பாட வேண்டியதாயிற்று.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, அந்த இளைஞர் எடுத்த வீடியோவையே அனுப்பி, ஒத்திகை நடந்ததற்குச் சான்று என்றார்கள். ரசீதிலோ ‘இதர சேவைகள்’ என்று மட்டுமே போட்டிருந்தார்கள். கையிலிருக்கும் வாட்ஸ்அப் செய்திதான் இப்போது எங்களுக்கு ஆதாரம்.

ஆகவே, மறுநாள் ஒலிப்பலகையில் அமரப்போகும் ஆளே ஒத்திகைக்கும் வர வேண்டும் என்பதையும், சீர்களின் வரிசையை அருமைக்காரரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும் என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். ஒத்திகைப் பணத்தை, அது முடிந்த பிறகே கொடுங்கள். ஏமாற்றப்பட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் அளிக்கலாம், கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் அதற்குக் கட்டணம் கிடையாது. நாங்கள் புகாருக்கான தாள்களைச் சேர்த்துக்கொண்டிருக்கிறோம். அதே ஆட்கள் வேறு பெயரில் முன்பதிவு வாங்குவதாகக் கேள்விப்படுவதால், பெயர்ப்பலகையை நம்பாமல், ரசீதிலுள்ள ஜிஎஸ்டி எண்ணை அரசின் ஜிஎஸ்டி தளத்தில் போட்டு, யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.